செனட்டுக்குள் கைத்தடி

நித்யா: மாமா, 1856இல் அமெரிக்க செனட்டுக்குள்ளேயே ஒருவரைப் போட்டு அடித்தார்களாமே? அடிமை முறை தகராறா?

ராஜேந்திரன் மாமா: ஆமாம்மா, மே 22. அடி வாங்கியவர் மாசசூசெட்ஸ் செனட்டர் சார்லஸ் சம்னர். அடித்தவர் தென் கரோலினாவின் பிரெஸ்டன் புரூக்ஸ். அவர் செனட்டர்கூட இல்லை, கீழ்ச்சபை உறுப்பினர்.

ராஜேந்திரன் மாமா: கான்சாஸ் என்ற புதுப் பிரதேசத்தில் அடிமை முறையை விடலாமா கூடாதா என்று அங்கே வெட்டுக்குத்து நடந்துகொண்டிருந்த நேரம். சம்னர் அடிமை முறையை எதிர்த்து செனட்டில் இரண்டு நாள் பேசினார். அதில் தென் கரோலினா செனட்டர் பட்லரை, அடிமை முறை என்கிற வேசியை வைத்துக்கொண்டிருப்பவர் என்று வாரிவிட்டார். பட்லர் அன்று சபையில் இல்லை. புரூக்ஸுக்கு அவர் சொந்தம்.

செல்வி அத்தை: ஏங்க, ஆள் இல்லாதபோது அப்படிப் பேசியதும் அதிகம்தானே?

ராஜேந்திரன் மாமா: அதிகம்தான் செல்வி. பட்லர் பேசினால் எச்சில் தெறிப்பதைக்கூட விடவில்லை. அதற்காக மண்டையை உடைப்பதா?

கார்த்திக்: நேருக்கு நேர் சண்டையா மாமா?

ராஜேந்திரன் மாமா: எங்கே! சபை கலைந்த பிறகு சம்னர் உட்கார்ந்து, தபாலில் அனுப்ப அந்தப் பேச்சின் பிரதிகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். தங்கப்பூண் போட்ட கைத்தடி தலையிலேயே விழுந்தது. மேஜை தரையோடு முடுக்கப்பட்டிருந்தது, கால் உள்ளே மாட்டிக்கொண்டது. எழ முயன்றதில் மேஜையே பெயர்ந்துவிட்டது. தடி துண்டு துண்டான பிறகும் புரூக்ஸ் விடவில்லை.

கார்த்திக்: தடுக்க ஒருத்தர்கூட இல்லையா?

ராஜேந்திரன் மாமா: ஓடி வந்தார்கள். லாரன்ஸ் கெயிட் என்ற கூட்டாளி கிட்டே விடவில்லை. இந்தப் பெயரை நினைவில் வை.

நித்யா: தண்டனை?

ராஜேந்திரன் மாமா: 300 டாலர் அபராதம், அவ்வளவுதான். புரூக்ஸின் பதவியைப் பறிக்கக் கீழ்ச்சபையில் 121 பேர் ஆதரவு, 95 பேர் எதிர்ப்பு. மூன்றில் இரண்டு பங்கு தேவை என்பதால் தோற்றது. அவரே ராஜினாமா செய்தார், தொகுதி மறுபடி ஜெயிக்க வைத்தது. அடிமை முறை இருந்த தென் மாநிலங்களிலிருந்து புதுப்புதுத் தடிகள் பரிசாக வந்து குவிந்தன.

செல்வி அத்தை: வெட்கம்கெட்டவர்கள்.

ராஜேந்திரன் மாமா: எனக்கு அடியைவிட அந்தப் பரிசுதான் பயங்கரம். வெறிபிடித்த ஒருவன் எங்கேயும் இருப்பான். அவனுக்குப் பார்சல் அனுப்ப ஒரு ஊரே இருந்தது. வட மாநிலங்களிலோ, அதுவரை சம்னரைப் பிடிக்காதவர்கள்கூடக் கொதித்தார்கள். அவர் முழுதாகத் தேறி வர மூன்று வருடத்துக்கு மேல் ஆனது. மாசசூசெட்ஸ் 1857இல் அவரையே மறுபடி தேர்ந்தெடுத்து, நாற்காலியைக் காலியாகவே வைத்திருந்தது.

கார்த்திக்: கெயிட் என்ன ஆனார்?

ராஜேந்திரன் மாமா: 1858 பிப்ரவரியில், நடு ராத்திரி தாண்டி, கீழ்ச்சபையில் ஒரு வடக்கத்தி உறுப்பினரோடு மோதினார். கூட்டமே கைகலப்பில் இறங்கியது. மிசிசிப்பி உறுப்பினர் பார்க்ஸ்டேலின் விக் ஒருவர் கையோடு வந்துவிட, பார்க்ஸ்டேல் அதை முன்பின்னாக மாட்டிக்கொண்டார். இரண்டு கட்சியும் சிரித்ததில் சண்டை நின்றது 😄

கார்த்திக்: 😂😂

நித்யா: டேய், அப்புறம் வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போரில், பார்க்ஸ்டேல் 1863இல் கெட்டிஸ்பர்க் சண்டையில் செத்தார். கெயிட் அடுத்த வருடம் கோல்ட் ஹார்பர் சண்டையில்.

செல்வி அத்தை: அந்தப் புரூக்ஸ்?

ராஜேந்திரன் மாமா: போர் வரைக்கும்கூட இல்லை. 1857 ஜனவரியில் தொண்டை நோயில் போய்விட்டார், 37 வயது.

செல்வி அத்தை: அடி வாங்கிய மனுஷன்?

ராஜேந்திரன் மாமா: 1874 வரை இருந்தார். சாகும்போதும் செனட்டர்தான்.