486 கணினியில் யுஎஸ்பி மவுஸ் வேலை செய்யுமா?

பழையபெட்டி:
அப்பா வைத்திருந்த 486 ஒன்றைத் தூசி தட்டி ஓட வைத்திருக்கிறேன், டாஸ், விண்டோஸ் 3.1 இரண்டும் நன்றாக வருகின்றன. பின்னால் பிஎஸ்/2 (வட்டமான மவுஸ் போர்ட்) கிடையாது, 9 பின் சீரியல் போர்ட் மட்டும்தான். யுஎஸ்பி ஆப்டிகல் மவுஸ், அதற்குப் பச்சை நிற பிஎஸ்/2 அடாப்டர், அதன் மேல் ஒரு சீரியல் அடாப்டர் என்று வரிசையாகச் செருகிப் பார்த்தேன். மவுஸில் லைட்கூட எரியவில்லை. போர்ட் போய்விட்டதா?

சாலிடர்_புகை:
போர்ட் மேல் சந்தேகம் வேண்டாம். அந்த அடாப்டர்களுக்குள் சிப் எதுவும் இல்லை, வெறும் ஒயர்தான். மவுஸுக்கே சீரியல் போர்ட்டின் மொழி தெரிந்திருந்தால்தான் வேலை செய்யும், இப்போது வரும் மவுஸ் எதற்கும் சீரியல் தெரியாது. அப்புறம் கரண்ட். அந்தக் கால சீரியல் மவுஸ் சீரியல் போர்ட்டின் ஆர்டிஎஸ், டிடிஆர் என்ற கட்டுப்பாட்டு லைன்களில் வரும் சில மில்லி ஆம்பியரிலேயே ஓடிவிடும், உங்கள் மவுஸுக்கு அது போதவே போதாது.

ராஸ்பெர்ரி பை பிகோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டை நடுவில் வைத்து ஒரு கன்வெர்ட்டர் செய்யுங்கள். பிகோவின் பின்களை நேராக சீரியல் போர்ட்டில் கொடுத்துவிடாதீர்கள், அதில் வரும் ஆர்எஸ்-232 வோல்டேஜ் பிகோவைக் கொன்றுவிடும், இடையில் வோல்டேஜை மாற்றித் தரும் மேக்ஸ்3232 சிப் கட்டாயம். 5 வோல்ட்டை போன் சார்ஜரிலிருந்து எடுக்கலாம். டாஸ் டிரைவர் ஆர்டிஎஸ்ஸை இறக்கி ஏற்றியதும் பிகோ 'எம்' என்ற எழுத்தை அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் மவுஸே இல்லை என்று டிரைவர் முடிவு செய்துவிடும்.

டாஸ்பிரியன்:
இதோடு வேகத்தையும் கவனியுங்கள். சீரியல் மவுஸ் 1200 பாடில் (நொடிக்கு 1200 பிட்) 3 பைட்டாக அனுப்பும், கணக்குப் போட்டால் நொடிக்கு 40 தடவை சொச்சம்தான். யுஎஸ்பி மவுஸ் சாதாரணமாகவே நொடிக்கு 125 தடவை வரை அனுப்பும். வந்ததையெல்லாம் அப்படியே தள்ளாமல் நகர்வைக் கூட்டி வைத்து, டிபிஐ (மவுஸ் நகர்வை அளக்கும் நுணுக்கம்) அதிகமென்றால் வகுத்தும் அனுப்பினால்தான் பாயின்டர் கைக்கு அடங்கும். டிரைவருக்கு கியூட்மவுஸ் நல்லது, அளவில் சின்னது, இலவசம்.

பழையபெட்டி:
நன்றி, பிகோ வழியிலேயே இறங்குகிறேன். இதே கன்வெர்ட்டர் அமிகா 500 என்ற பழைய கணினிக்கும் ஆகுமா? அதிலும் 9 பின்தானே.

சாலிடர்_புகை:
ஆகாது. பிளக் கச்சிதமாக உட்காரும், ஆனாலும் செருகாதீர்கள், உள்ளே சிக்னல் முற்றிலும் வேறு. அமிகா குவாட்ரச்சர் பல்ஸை (நகர்வைக் காட்ட ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி வரும் இரண்டு பல்ஸ் வரிசை) எதிர்பார்க்கிறது, அதற்குத் தனி புரோகிராம், தனி ஒயரிங். அடாரி எஸ்டி என்ற பழைய கணினியும் குவாட்ரச்சர்தான், ஆனால் பின் வரிசை மாறும்.