மறு: நட்ஸ் என்பது பருப்பா, கொட்டையா?

அன்பின் நண்பர்களுக்கு,

மட்டக்களப்பிலிருந்து எழுதுகிறேன். ‘நட்ஸ்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன பொதுப் பெயர் வைப்பது என்று நம் குழுமத்தில் நடக்கும் இந்த மடல் இழையை முதல் மடலிலிருந்தே வாசித்து வந்தாலும் இதுவரை வாய் திறக்கவில்லை. மனைப்பொருளியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். சொல்லாராய்ச்சி என் துறை இல்லை. ஆனால் இந்த ஒரு சொல் இல்லாததால் எங்கள் வீட்டுப் பிள்ளை ஒருவன் மூச்சுத் திணறியதைக் கண்ணால் பார்த்தவள். அதனால் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தங்கையின் மகள் கனடாவில் இருக்கிறாள். போன வருடம் விடுமுறைக்கு வந்தபோது ஆறு வயது மகனையும் கூட்டி வந்தாள். அவனுக்குக் கஜுவும் (முந்திரிப்பருப்பு) பிஸ்தாவும் ஒத்துக்கொள்ளாது. அக்ரூட்டையும் (வால்நட்) தவிர்க்கச் சொல்லி அங்கே வைத்தியர் எச்சரித்திருந்தார். கல்லடியில் ஒரு சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குப் போனோம். சமையலுக்கு நின்ற பெத்தாவிடம் (பாட்டியை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) இவள் கவனமாகப் போய்க் கேட்டாள்: “பெத்தா, இந்தக் கோழிக் கறிக்குள்ள நட்ஸ் போட்டிருக்கா?” பெத்தாவுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை. “என்ன புள்ள அது?” என்றார். “பருப்பு… பருப்பு மாதிரியான சாமான்” என்றாள் இவள். “பருப்பு அந்தா அந்தச் சட்டிக்குள்ள வேறயாக் கிடக்கு. கோழிக்குள்ள ஆராவது பருப்புப் போடுவாங்களா?” என்று பெத்தா சிரித்தார். அந்தக் குழம்பு தடிப்பாக வருவதற்காக, ஊற வைத்த கஜுவை அரைத்து விட்டிருந்தார்கள்.

இரண்டு வாய்தான் சாப்பிட்டான். உதடு வீங்கியது, இருமல் வந்தது, மூச்சு இழுத்தது. தாய் தன் பையில் எப்போதும் வைத்திருக்கும் அட்ரினலின் ஊசியை அவன் தொடையில் போட்டாள். ஆஸ்பத்திரியில் ஓர் இரவு வைத்துப் பார்த்து அனுப்பினார்கள். பிள்ளை சுகமாகிவிட்டான். மறுநாள் காலை பெத்தா வீட்டுக்கு வந்து அவன் தலையைத் தடவித் தடவி அழுதார். அவர் பொய் சொல்லவில்லை. கேட்டவளும் அக்கறையில்லாமல் கேட்கவில்லை. இருவரும் ஒன்றாக விளங்கிக்கொள்ள ஒரு சொல் இருக்கவில்லை.

இப்போது எங்கள் பகுதிப் பெண்களுக்காக ஒரு சமையல் கையேடு எழுதுகிறேன். கஜு, கச்சான் (வேர்க்கடலை), வாதுமை (பாதாம்), பிஸ்தா, அக்ரூட் ஆகியவற்றை இனிப்பில்லாத சமையலில் சேர்ப்பது பற்றி அதில் ஓர் அத்தியாயம் வருகிறது. இவை எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு பெயர் வேண்டும். அது அத்தியாயத் தலைப்பிலும் நிற்க வேண்டும், கல்யாண வீட்டுச் சமையற்கட்டில் வாயாலும் கேட்கக்கூடியதாக இருக்க வேண்டும். இரண்டாவது தேவைதான் எனக்குப் பெரிது.

‘நட்ஸ்’ என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் தெரிந்த சொல்தானே என்று ஒருவர் எழுதியிருந்தார். எல்லாருக்கும் தெரியாது என்பதற்கு மேலே சொன்னதே போதும்.

தமிழகத்து நண்பர்கள் பலர் ‘பருப்பு வகைகள்’ என்பதை ஆதரித்தீர்கள். முந்திரிப்பருப்பு, பாதாம்பருப்பு என்று சொல்லிப் பழகிய காதுக்கு அது சரியாகவே கேட்கும். இங்கே பருப்பு என்றால் மைசூர்ப் பருப்பு. சோறு, பருப்பு, மீன் என்று கிழமையில் ஏழு நாளும் சொல்கிற சொல் அது. வேறெதையும் அதற்குள் திணிக்க முடியாது. கடலையும் அப்படித்தான். எங்களுக்குக் கடலை என்றால் கொண்டைக்கடலை. நீங்கள் வேர்க்கடலை என்பதை நாங்கள் கச்சான் என்போம். (ஆடி மாதத்தில் மேற்கேயிருந்து வரண்டு அடிக்கும் காற்றுக்கும் இங்கே கச்சான் என்றுதான் பெயர். ‘கச்சான் அடிக்குது’ என்றால் காற்று, ‘கச்சான் வறுக்குது’ என்றால் தின்னுவது. ஊராருக்குக் குழப்பமே வந்ததில்லை.) முந்திரிகை என்றால் எங்களுக்குத் திராட்சை, அதனால்தான் கஜுவுக்கு மரமுந்திரிகை என்று எழுத்தில் பெயர் வந்தது. பேச்சில் எல்லாரும் கஜுதான். பிரேசில் நாட்டுத் தூப்பி மொழிச் சொல்லைப் போர்த்துக்கேயர் எடுத்து, மரத்தோடு சேர்த்து இங்கே கொண்டு வந்து விட்டுப் போனார்கள்.

‘விதை’ என்றால் எள்ளும் பூசணி விதையும் உள்ளே வந்துவிடும். ஒவ்வாமைக்காரருக்கு எள் தனிச் சங்கதி. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

தாவரவியல் படித்த நண்பரின் மடலை நான் மூன்று முறை வாசித்தேன். அவர் சொன்னது முழுக்கச் சரி. தானாக வெடிக்காத, ஓடு கட்டிய, ஒற்றை விதைக் கனி என்ற இலக்கணத்துக்கு ஹேசல்நட், செஸ்நட் போன்றவைதான் பொருந்தும். கஜு, வாதுமை, பிஸ்தா எல்லாம் மாங்கொட்டை போல உள்ளோடு கொண்ட கனியின் விதைகள். கச்சான் அவரைக் குடும்பம். ஆனால் தாவரவியல் கணக்கில் கஜுப் பழமே பழம் இல்லை, பருத்துப்போன காம்பு. உண்மையான கனி அடியில் தொங்குகிற கொட்டைதான். ஆனாலும் உப்புத் தொட்டுத் தின்னும்போது தொண்டை கரகரக்கிறதே தவிர, காம்பு தின்கிறோம் என்று யாரும் சொல்வதில்லை. அவருடைய இலக்கணத்துக்கு ஒரு சொல் வேண்டும், சமையலுக்கு வேறொரு சொல் வேண்டும். ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் இரண்டும் கெடும்.

சரி, சமையலில் இவற்றை ஒன்றாகச் சேர்ப்பது எது? இதைத்தான் நான் அதிகம் யோசித்தேன். கொழுப்பு. நூறு கிராம் கஜுவில் ஏறக்குறைய 44 கிராம் கொழுப்பு. கச்சானிலும் வாதுமையிலும் பாதிக்குப் பாதி, அக்ரூட்டில் 65 கிராம் வரை. மைசூர்ப் பருப்பில் இரண்டு கிராம் அளவுதான். சட்டியில் நடப்பதெல்லாம் இதனால்தான். பருப்பை அவித்தால் மாச்சத்துக் கரைந்து கூழாகும். கஜுவை அரைத்து விட்டால் குழம்பு பாலேறியது போல வெளுத்துத் தடிக்கும். கஜுவில் கொழுப்போடு மாச்சத்தும் கணிசமாக இருப்பதால் கொதிக்கக் கொதிக்க இன்னும் இறுகும், அடியும் பிடிக்கும். வாதுமை அவ்வளவு இறுகாது. கச்சானை வறுத்து அரைத்தால் சிறிது நேரத்தில் அதன் எண்ணெய் மேலே மிதந்து வரும், செனகல் நாட்டு மாஃபே என்ற இறைச்சிக் குழம்பில் வருவது போல. ஈரானில் அக்ரூட்டை மாதுளைச் சாற்றோடு மணிக்கணக்காகக் காய்ச்சி ஃபெசஞ்சான் செய்கிறார்கள். எண்ணெய் பிரிந்து கறுத்து வரும்போதுதான் அது பதம். ஜோர்ஜியாவில் அக்ரூட்டை உள்ளியோடு (பூண்டு) அரைத்துக் கோழிக்கு ஊற்றி ஆற வைத்துச் சாப்பிடுகிறார்கள். எங்கள் வீட்டில் தேங்காய்ப்பால் செய்யும் வேலையை அங்கெல்லாம் இவை செய்கின்றன.

அதனால் நான் முதலில் எழுதி வைத்த சொல் ‘நெய்ப்பருப்பு’. பழந்தமிழில் நெய் என்பது எண்ணெய்க்கும் பெயர். எள்நெய்தானே எண்ணெய் ஆனது. நெய் நிறைந்த பருப்பு நெய்ப்பருப்பு. மைசூர்ப் பருப்பை இது வெளியே தள்ளுகிறது, சட்டியில் என்ன நடக்கும் என்பதையும் சொல்கிறது. பல நாள் இந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மகிழ்ந்தேன். பிறகு பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். “நெய் விட்டுத் தாளித்த பருப்பா மாமி?” என்று கேட்டாள். அதோடு விட்டுவிட்டேன். மனத்துக்கு எவ்வளவு பிடித்த சொல்லாக இருந்தாலும், கேட்பவர் காதில் வேறொரு கறியாக விழுந்தால் அது எனக்கு உதவாது. பிள்ளையின் உயிர் அதில் தொங்குகிறது.

இனி என் முன்மொழிவு: கொட்டைப்பருப்பு.

இதை நான் புதிதாகக் கட்டவில்லை, கைவேலையிலிருந்து எடுத்தேன். எங்கள் பெத்தா சித்திரை, வைகாசியில் பச்சைக் கஜுக் கொட்டை பிளப்பார். ஓட்டிலுள்ள பால் பட்டால் தோல் வெந்து கொப்புளம் போடும் என்பதால் கையில் சாம்பல் பூசிக்கொள்வார். கொட்டையைப் பிளந்து, உள்ளே இருக்கும் பருப்பைக் கத்தி நுனியால் கிளப்பி, தோலுரித்துத் தண்ணீரில் போடுவார். வெளியே இருப்பது கொட்டை, உள்ளே இருப்பது பருப்பு. கச்சானுக்கும் இது பொருந்தும். கச்சான் கொட்டை என்று சொல்கிறோம், கோதுடைத்துப் பருப்பை எடுக்கிறோம். வாதுமைக்கும் அக்ரூட்டுக்கும் பிஸ்தாவுக்கும் அதே வேலைதான்.

‘கொட்டை’ என்ற சொல்லைத் தமிழகத்தில் சபையில் சொல்லக் கூச்சப்படுவார்கள் என்று சென்னை நண்பர் எழுதியிருந்தார். புரிகிறது. இங்கே அந்தச் சிக்கல் அவ்வளவு இல்லை. பலாக்கொட்டை, புளியங்கொட்டை என்று எல்லாரும் பேசுகிறோம். ஆனால் நான் தனிக் கொட்டையைக் கேட்கவில்லை. பருப்போடு சேர்ந்து ஒரே சொல்லாக வரும்போது அந்த நெருடல் போய்விடும் என்று நினைக்கிறேன். அங்குள்ள நண்பர்கள் வீட்டில் உரக்கச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள்.

பலாக்கொட்டை இதற்குள் வருமா என்று கேட்பீர்கள். வராது. அதைச் சுட்டும் தின்கிறோம், பாலில் கறியும் வைக்கிறோம். ஆனால் அதன் உள்ளீட்டை எந்தச் சமையற்கட்டிலும் பருப்பு என்று சொல்லிக் கேட்டதில்லை. கொழுப்பும் மிகக் குறைவு, பெரும்பாலும் மாச்சத்து. பேச்சு வழக்கே அதைச் சரியாகப் பிரித்து வைத்திருக்கிறது. தேங்காயும் வராது. அமெரிக்க உணவு, மருந்து நிருவாகம் நீண்ட காலம் தேங்காயை மரக்கொட்டைகளோடு சேர்த்து எழுதி, 2025 சனவரியில்தான் அந்தப் பட்டியலிலிருந்து எடுத்தது. தேங்காயை யாரும் கொட்டை என்று சொல்லாத எங்களுக்கு அந்தச் சிக்கல் வந்திருக்காது.

இன்னொன்று முக்கியம். ஐரோப்பாவில் பொதியில் கட்டாயம் குறிக்க வேண்டிய 14 ஒவ்வாமைப் பொருள்களில் கச்சான் ஒன்று, மரத்தில் காய்ப்பவை தனியாக இன்னொன்று. கச்சான் ஒத்துக்கொள்ளாதவர் கஜுவைத் தின்னக்கூடும், மறுபுறமும் அப்படியே. ஆகவே பொதியில் எழுதும்போது ‘மரக் கொட்டைப்பருப்பு’ என்றும் ‘கச்சான்’ என்றும் பிரித்து எழுதலாம். தமிழகத்தில் கச்சான் இருக்கும் இடத்தில் வேர்க்கடலை என்று போடுங்கள். அதில் எனக்குப் பிடிவாதம் இல்லை. பொதுச் சொல் மட்டும் இரு கரைக்கும் ஒன்றாக இருக்கட்டும். காரைதீவில் பிறந்த விபுலாநந்த அடிகள்தான் 1936 இல் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்க மாநாட்டுக்குத் தலைமை தாங்கினார். இரு கரையாரும் ஒரு பாயில் உட்கார்ந்து சொல் தேடுவது எங்கள் பக்கத்துக்குப் புதிதில்லை.

தலைப்பின் மற்றப் பாதி: ‘இனிப்பில்லாத சமையல்’ என்பதற்கு ஒருவர் ‘காரம்’ என்றார், ஒருவர் ‘உறைப்பு’ என்றார். எங்கள் கஜுப் பாற்கறிக்கு இரண்டும் பொருந்தாது. முதல் நாள் இரவு அப்பச்சோடா ஒரு சிட்டிகை போட்டுக் கஜுவை ஊற வைத்து, காலையில் அலசி, சின்ன வெங்காயம், இரண்டு பச்சை மிளகாய், கறிவேப்பிலை, ரம்பை, ஒரு துண்டு கறுவா, மஞ்சளோடு இரண்டாம் பாலில் மெல்லிய நெருப்பில் அவிக்க வேண்டும். நகம் இறங்குகிற அளவுக்கு மெத்தென்று வந்ததும் முதற்பால் விட்டு, ஒரு கொதி வருமுன்னே இறக்கி, உப்பும் தேசிக்காய்ப் புளியும் சேர்த்தால் சரி. அதைக் காரம் என்றால் யார் ஒப்புவார்கள்? ‘இனிப்பில்லாத’ என்று இல்லாததைச் சொல்லிப் பெயர் வைக்கவும் மனம் இல்லை. சோற்றோடு பிசைந்து சாப்பிடுவது எதுவானாலும் எங்களுக்குக் கறி. ஆகவே ‘கொட்டைப்பருப்புக் கறிகள்’ என்று தலைப்பிட்டுவிட்டேன். தமிழகத்தில் கறி என்றால் இறைச்சி என்று விளங்குவார்கள், தெரியும். இந்தக் கையேடு மட்டக்களப்பு, அம்பாறைப் பெண்களுக்கானது. இங்கே அது சரியான சொல்.

அரைத்து விடும் கஜு விழுதுக்கும் ஒரு பெயர் வேண்டும், அதுதான் கண்ணில் படாமல் குழம்புக்குள் ஒளிந்திருப்பது. ‘கொட்டைப்பருப்புக் கூட்டு’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அரைத்த கறிச்சரக்கை இங்கே கூட்டு என்பது வழக்கம். ஆனால் கூட்டு என்றால் தமிழகத்தில் வேறு கறியாயிற்றே. இதற்கு உங்களிடம் நல்ல சொல் இருந்தால் அனுப்புங்கள். வாகரை, புணாணைப் பக்கம் கஜு உடைக்கிற வீடுகளோடு பழக்கம் உள்ளவர்கள் இந்தக் குழுமத்தில் இருந்தால் இன்னோர் உதவி: முழுப் பருப்பு, பாதிப் பருப்பு, நொறுங்கல் ஆகியவற்றை அவர்கள் என்ன பெயரால் தரம் பிரிக்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள். கூட்டு அரைக்க நொறுங்கலே போதும், விலையும் குறைவு. அவர்கள் சொல்லும் பெயரையே கையேட்டில் போட விரும்புகிறேன்.

சமைத்துப் போட்ட அந்தப் பெத்தாவிடம் போன கிழமை போனேன். “கோழிக்குள்ள கொட்டைப்பருப்பு ஏதும் போட்டிருக்கா பெத்தா?” என்று கேட்டுப் பார்த்தேன். கொஞ்சம் யோசித்தார். “கஜுவும் கச்சானும் போலயா?” என்றார்.

அன்புடன்,
மட்டக்களப்பிலிருந்து