கண்டி டவுன்ல பழைய மாடிக் கட்டடத்துல ஒரு சின்ன வீடு: வாங்கலாமா?

கொழுந்துக்கூடை

எல்லாருக்கும் வணக்கம். ரெண்டு வருஷமா இங்க வாசிக்கிறதோட சரி, எழுதுறது இதான் முதல் தடவ.

நான் ஹட்டன் பக்கம் டீச்சர். மக இந்த வருஷம் கண்டில ஆறாம் வகுப்புக்குச் சேந்திருக்கா. அவருக்கு வேல பேராதனைல, அதனால அப்பாவும் மகளும் அங்க ஒரு வாடக ரூம்ல இருக்காங்க. நான் வெள்ளிக்கெழம ஸ்கூல் விட்டதும் பஸ் ஏறி கினிகத்தேன, நாவலப்பிட்டி, கம்பளைன்னு சுத்திப் போய்ச் சேரும்போது ராத்திரியாயிரும். அடுத்த வருஷம் எனக்கும் இடமாற்றம் கெடைக்கும் போல இருக்கு. வாடகைக்குக் கொட்டுற காச சொந்த எடத்துல போடுவோமேன்னு தேடினோம்.

புது தொடர்மாடி வெல எல்லாம் நம்ம பக்கமே திரும்பிப் பாக்காது. அப்பத்தான் இது வந்துச்சி. கொட்டுகொடெல்ல வீதிக்குக் கிட்ட, வெள்ளக்காரன் காலத்து ரெண்டு மாடிக் கட்டடம். கீழ ஒரு புடவைக் கடை, பக்கத்துல பூட்டிக் கெடக்குற மணிக்கூடு திருத்துற கடை. மேல மூணு வீடு, அதுல நடுவீடு விலைக்கு. 480 சதுர அடி. ஒரு ரூம், சின்ன ஹோல், குசினி, முன்னால மரச் சட்டம் அடிச்ச குட்டி பல்கனி. சுவர் ஒன்றரை அடி தடிப்பு. தரை பலகை. நடந்தா லேசா முனகுது, ஆனா எனக்கு அது புடிச்சிருந்திச்சி. விக்கிறவரு 78 இலட்சம் கேக்குறாரு. பேசினா கொஞ்சம் எறங்குவாருன்னு நெனைக்கிறேன்.

எங்ககிட்ட கையில 30 இருக்கு. எங்க வீட்டுக்காரர்ட ஈபிஎப்ல 30 வீதம் எடுக்கலாம்னு சொல்றாங்க. மிச்சத்துக்கு பேங்க் லோன்.

இத ஏன் இவ்வளவு நீட்டிச் சொல்றேன்னா, எங்கப்பா பொகவந்தலாவைல ஃபெக்டரில 41 வருஷம் வேல செஞ்சவரு. நாங்க பொறந்தது, வளந்தது, அக்கா கல்யாணம், எல்லாம் ஒரே லயத்துக் காம்பராவுல, தோட்டத்துல வரிசையாக் கட்டின ஒத்த ரூம்ல. அந்தக் காம்பராவுக்கு அவர் பேர்ல ஒரு துண்டுக் கடுதாசி கெடையாது. இந்த வீட்டப் பத்திச் சொன்னதும் எத்தன ரூம், எவ்வளவு வெலன்னு ஒண்ணும் கேக்கல. "உறுதிப் பத்திரம் ஒன் பேர்ல வருமா?"ன்னு மட்டுந்தான் கேட்டாரு. வரும்ப்பான்னு சொல்லிட்டேன்.

விக்கிற ஐயா நல்ல மனுஷன், டீ குடுத்துத்தான் பேசினாரு. இது அப்பார்ட்மன்ட் மாதிரித்தான், மேல் நடுவீடு எனக்குன்னு குடும்பத்துல பிரிச்சாச்சுங்கிறாரு. இந்த மாசக் கடைசிக்குள்ள 10 இலட்சம் அட்வான்ஸ், ஒரு முத்திரைக் கடுதாசில எழுதிக் கையெழுத்து வச்சிக்கலாமாம். பழைய கட்டடத்துல குடியிருக்கிறவங்க, வாங்கினவங்க யாராவது இருந்தா சொல்லுங்க. எத எத பாக்கணும்? அம்மாவுக்கு முழங்கால் வலி, படி வேற 19 இருக்கு. அத நான் எண்ணிட்டேன்.

கட்டுக்கலைக் கிழவன்

மகள், நான் 60 வருஷமா கண்டி டவுன்தான். செல்வ விநாயகர் கோயில் மணி கேட்டு முழிக்கிறவன். பழைய கட்டடம் கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். ஒன்றரை அடிச் சுவர் வெயில் காலத்துல எவ்வளவு குளிர்ச்சின்னு இருந்து பாத்தவனுக்குத்தான் தெரியும்.

ஆனா வீட்ட வெயில்ல பாக்காத. நல்லா மழ அடிக்கிற அன்னிக்கு, சொல்லாம கொள்ளாமப் போய்ப் பாரு. அந்தக் காலத்துச் சுவரு செங்கல், சுண்ணாம்புச் சாந்து. அது தண்ணிய உறிஞ்சும், வெயில் வந்தா வெளிய விட்டுரும். பின்னால வந்த ஆளுங்க அழகுக்காக மேல சீமெந்து பூசி, அதுக்கு மேல பளபளன்னு பெயின்ட் அடிச்சிருவாங்க. அப்புறம் உள்ள போன தண்ணி வெளிய வர வழியில்லாம சுவருக்குள்ளயே நிக்கும். ஒரு பக்கம் பெயின்ட் கொப்புளமா ஊதியிருந்தா, இல்ல அடில வெள்ளையா உப்புப் பூத்திருந்தா, பெயின்ட் அடிச்சி அத மூட முடியாது. நான் அடிச்சிப் பாத்தவன். மூணு தடவ.

கூரைக்கு ஆள ஏத்து. ஓடு ஒடஞ்சிருந்தா மாத்தலாம். ரெண்டு கூர சேர்ற பள்ளத்துல போட்ட தகரம் இத்துப் போயிருந்தா, ஒழுக்கு உன் வீட்டுக்குள்ளதான் வரும், திருத்தணும்னா மத்த ரெண்டு வீட்டுக்காரனும் சம்மதிக்கணும். மழத் தண்ணிப் பீலி எங்க எறங்குதுன்னு பாரு, உத்தரம் சுவருக்குள்ள போற எடத்த ஒரு ஸ்க்ரூ டிரைவரால குத்திப் பாரு. பலா, தேக்குன்னா நாளாகும், ஆனா ஈரஞ் சேந்தா எந்த மரத்தையும் கரையான் விடாது. தண்ணி மீட்டர் ஒனக்குத் தனியா, மூணு வீட்டுக்கும் ஒண்ணான்னு கேளு. ட்ரிப் சுவிட்ச் இருக்கான்னும் பாரு.

இன்னொண்ணு. கண்டி நகரம் 1988லயே உலக மரபுரிமைப் பட்டியல்ல ஏறிட்டு. முன்பக்கத்து ஜன்னல மாத்துறது, பல்கனிய அடைக்கிறதுன்னு நெனைச்சபடி கை வைக்க ஏலாது, அனுமதி எடுக்கணும். தலதா மாளிகை ஊர்வலம் போற எசல பெரஹெர நாள்ல வீதிய மூடினா வீட்டுக்கு வாறதே ஒரு யாத்திரை. அது ஒரு குறையில்ல, சொல்லி வைக்கிறேன்.

19 படி அம்மாவுக்குக் கஷ்டந்தான்.

மாத்தளைப் பொடியன்

78 இலட்சத்துக்கு 480 சதுர அடியா? அந்தக் காசுக்கு எங்க பக்கம் காணியும் வாங்கி வீட்டுக்கு அத்திவாரமும் போடலாம் டீச்சர். மலைச் சரிவுன்னா மட்டும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்துல மண்சரிவு அறிக்கை எடுத்துட்டுக் கை வைங்க. 2025 நவம்பர் புயலுக்கப்புறம் அத நான் யாருக்கும் சொல்லாம விடுறதில்ல.

பழைய கிளாக்கர்

டீச்சர், சுவரும் ஓடும் அப்புறம். மொதல்ல விக்கிறவர்ட உறுதியோட போட்டோ கொப்பி வாங்கி, கடைசில காணி விபரம் எழுதியிருக்கிற அட்டவணைய வாசிங்க. நான் உறுதி எழுதுற ஒரு நொத்தாரிசு ஐயாகிட்ட 22 வருஷம் கிளாக்கரா இருந்தவன். அந்த ஒரு பந்திய வாசிக்காம அழுதவங்கள நெறைய பாத்திருக்கேன்.

அட்டவணைல கூட்டாதன (கொண்டோமினியம்) வரைபட இலக்கம், அலகு இலக்கம்னு இருந்தா அது சட்டப்படி தனி வீடு. 1973ம் வருஷத்து 11ம் இலக்கச் சட்டம் அதுக்குத்தான் வந்திச்சி. சர்வேயர் ஒவ்வொரு வீட்டையும் அளந்து வரைபடம் போட்டு, அது பதிவானா, ஒவ்வொரு வீட்டுக்கும் காணிப் பதிவகத்துல தனி ஏடு. படி, கூரை, முற்றம் எல்லாம் பொதுன்னு எழுத்துல இருக்கும், அதப் பராமரிக்க வீட்டுக்காரங்க எல்லாரும் சேந்த ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனமும் வரும்.

அப்பிடி இல்லாம "பிரிக்கப்படாத ஆறிலொரு பங்கு"ன்னு இருந்தா நீங்க வாங்குறது நடுவீடு இல்ல. முழுக் காணிலயும் முழுக் கட்டடத்துலயும் ஆறுல ஒரு பங்கு. கீழ புடவைக் கடை வாசப்படிலயும் ஒங்களுக்கு ஆறுல ஒண்ணு இருக்கு, ஒங்க குசினிலயும் மத்தவங்களுக்கு ஆறுல அஞ்சு இருக்கு. "குடும்பத்துல பிரிச்சாச்சு"ங்கிறது வாய்ப்பேச்சு. நாளைக்கு அந்தப் பங்காளில ஒருத்தர், இல்ல அவர்ட பிள்ளைகள்ல ஒருத்தர், 1977ம் வருஷத்து 21ம் இலக்கச் சட்டப்படி பங்கு பிரிக்க வழக்குப் போடலாம். கட்டடத்த வெட்டிப் பிரிக்க ஏலாதுன்னா கோர்ட்டு அத ஏலத்துல விடச் சொல்லும். அந்த வழக்கு எத்தன வருஷம் இழுக்கும்னு கண்டி கோர்ட்டு வாசல்ல நிக்கிற யாரையும் கேளுங்க. இப்பவே ஒரு வழக்கு இருந்து, அது பதிவகத்துல பதிஞ்சிருந்தா நெலம இன்னும் மோசம். முடியிற வரைக்கும் எழுதுற விற்பனை உறுதி செல்லாது. அதனால 30 வருஷத்துக்காவது பதிவு தேடிப் பாக்கணும். பழைய ஆளுங்க தோம்பு பாக்கிறதும்பாங்க. நொத்தாரிசே ஆள் போட்டுப் பாப்பாரு. விக்கிறவர் தேடின நொத்தாரிசு வேணாம், நீங்க தேடின ஆளா இருக்கட்டும்.

அந்த முத்திரைக் கடுதாசிய நெனைச்சா எனக்குக் கோவம் வருது. காணி விக்கிறதோ, விக்கிறதுக்கு ஒப்பந்தம் போடுறதோ, நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட இருந்தாத்தான் செல்லும். 1840ம் வருஷத்து 7ம் இலக்கக் கட்டளைச் சட்டம், வெள்ளக்காரன் போட்டது, இன்னும் இருக்கு. கடுதாசில கையெழுத்து வச்சிட்டு 10 இலட்சம் குடுத்தா வீட்டக் கேட்டு வழக்காட ஏலாது. குடுத்த காசத் திருப்பி வாங்கவே செருப்புத் தேயணும்.

கீழ் கடைக்காரர் எந்த வருஷத்துல இருந்து இருக்காரு, வாடகைய யார்கிட்ட குடுக்கிறாருன்னும் விசாரிங்க. 1972 வாடகைச் சட்டக் காலத்து ஆள்னா அவர எழுப்புறது லேசில்ல.

செலவுக் கணக்கு: முத்திரைத் தீர்வை மொதல் ஒரு இலட்சத்துக்கு 3 வீதம், மிச்சத்துக்கு 4 வீதம். 78 இலட்சம்னா 3,11,000 ரூவா. நொத்தாரிசு கூலி வேற. இத 78க்குள்ள அடக்கிப் பாக்காதீங்க.

புரூக்ளின் தங்கச்சி

அக்கா, நான் பண்டாரவளைப் பிள்ள, இப்ப நியூயோர்க், புரூக்ளின்ல. நாங்களும் பழைய கட்டடத்துலதான் வாங்கினோம். இங்க பிரவுன்ஸ்டோன்னு சொல்லுவாங்க. முன்னால காவி நெறத்துல மணற்கல் ஒட்டியிருக்கும், பின்னால எல்லாம் செங்கல். கனெக்டிகட்ல போர்ட்லண்ட்ங்கிற ஊர்ல வெட்டின கல்லு நெறைய இங்க வந்திச்சாம். பாக்க ராசா வீடு. தண்ணி உள்ள போய்ப் பனில உறைஞ்சா தோசை மாதிரி அடுக்கடுக்கா உரிஞ்சி விழும். 1965ல இருந்து இங்க பழைய கட்டடங்களுக்குன்னு ஒரு ஆணைக்குழு இருக்கு. எங்க தெரு அதுக்குக் கீழ வாறதால ஜன்னல் மாத்தவும் அவங்ககிட்டத்தான் போகணும்.

ஒரே ஒரு வித்தியாசம். எங்க கட்டடத்துல நாலு வீடு, நாலுக்கும் தனித்தனி உறுதி. மாசாமாசம் பொதுக் காசு கட்டுறோம், கூரைக்குன்னு சேத்து வச்ச நிதி எவ்வளவுன்னு வாங்க முன்னாலயே கணக்குக் காட்டினாங்க. அப்பிடியும் போன வருஷம் கூரைக்கு மேலதிகமாக் கேட்டாங்க, ஒரு வீட்டுக்காரர் ஆறு மாசம் இழுத்தடிச்சாரு. எழுத்துல எல்லாம் இருந்தே இந்தப் பாடு. எழுத்தே இல்லன்னா யாரு யாரக் கேக்கிறது? பலகைத் தரை முனகுறது எனக்கும் புடிக்கும் அக்கா. ஆனா நான் ஒங்க எடத்துல இருந்தா பயப்படுவேன்.

கொழுந்துக்கூடை

பதில் போட்ட எல்லாருக்கும் நன்றி. ரெண்டு கெழமை ஆச்சு, நடந்தத எழுதிர்றேன்.

கட்டுக்கலை ஐயா சொன்ன மாதிரி போன சனிக்கெழம கொட்டுற மழையில போனோம். முந்தி வந்தப்ப குசினிச் சுவர்ல பெரிய கலண்டர் ஒண்ணு தொங்கினிச்சி. நம்ம சாமிப் படம்னு கும்பிட்டுட்டு வந்தேன். இந்தத் தடவ எங்க வீட்டுக்காரரு அதத் தூக்கிப் பாத்தாரு. பின்னால சுவர் பிட்டு மாதிரி உதிருது. மக மூக்கப் பொத்திக்கிட்டா.

அது கூடப் பரவாயில்லைன்னுதான் நெனைச்சேன். சுவரப் பூசலாம்.

உறுதி கொப்பி கேட்டதும் ஐயாவோட முகம் கொஞ்சம் மாறிச்சி, ஆனா குடுத்தாரு. பஸ்ல வரும்போதே அட்டவணைய வாசிச்சேன். கிளாக்கர் அண்ணன் எழுதின அதே வார்த்தை. பிரிக்கப்படாத ஆறிலொரு பங்கு. கூடப் பொறந்தவங்க ஆறு பேர், ரெண்டு பேர் கனடாவுல, ஒருத்தர் தவறிட்டாரு, அவருக்கு மூணு பிள்ளைங்க. புடவைக் கடைக்காரர் 1976ல இருந்து இருக்காராம், வாடக மூத்தவர்கிட்ட போகுது. பேங்க்ல கொண்டு போய்க் குடுத்தேன். அந்தத் தம்பி ரெண்டாம் பக்கத்தோட மடிச்சிக் கையில தந்துட்டாரு. பங்குக்கு லோன் குடுக்க ஏலாதாம்.

ஐயாகிட்ட போன் பண்ணி, ஆறு பேரும் சேந்து கூட்டாதன வரைபடம் போட்டுப் பதிஞ்சா நான் காத்திருக்கேன், வெலயும் கொறைக்க மாட்டேன்னு சொன்னேன். சிரிச்சாரு. "எங்க அண்ணன் தம்பி ஒரு கல்யாண வீட்டுல கூட ஒண்ணாச் சேர மாட்டாங்க புள்ள"ன்னாரு. கெட்ட மனுஷன் இல்ல. அவருக்கும் அந்தப் பங்க வச்சி என்ன செய்றதுன்னு தெரியல போல. குருணாகல்ல இருந்து ஒருத்தர் முழுக் காசோட வாறாருன்னும் சொன்னாரு. குடுங்க ஐயான்னுட்டேன். சொல்லிட்டு, போன வச்சிட்டுக் கொஞ்ச நேரம் அப்பிடியே ஸ்டாப் ரூம்ல இருந்தேன்.

அப்பாகிட்ட சொல்லத்தான் தயக்கமா இருந்திச்சி. ஆறுல ஒரு பங்குன்னா என்னன்னு விளக்கினேன். அவரு கொஞ்சம் யோசிச்சிட்டு, "அப்ப அதுவும் லயந்தானே"ன்னாரு. சிரிக்கிறதா என்னன்னு தெரியல எனக்கு.

வாற ஞாயித்துக்கெழம கட்டுகஸ்தோட்டைப் பக்கம் ரெண்டு ரூம் வீடு ஒண்ணு பாக்கப் போறோம். கீழ் மாடி, படி மூணுதான். அலகு இலக்கம் இருக்கு, கொப்பிய மொதல்லயே வாட்ஸ்அப்ல கேட்டு வாங்கிட்டேன். மகாவலிக்குக் கிட்டங்கிறாங்க. அந்தப் பக்கம் இருக்கிறவங்க யாராவது, பெரு மழைக்கு அங்க தண்ணி எதுவரைக்கும் ஏறும்னு சொல்லுவீங்களா?