ஓக் குரோவில் எதிர்ப்பட்டவர்கள்

கலிபோர்னியாவில் பாசடீனா நகரத்தின் ஓரத்தில், சான் கேப்ரியல் மலையடிவாரத்தில், ஹாஹமோங்னா என்றொரு பூங்கா இருக்கிறது. பக்கத்திலேயே நாசாவின் ஜேபிஎல் ஆய்வுக்கூடம். அந்தப் பக்கம் அரோயோ செக்கோ ஆற்றுப்படுகை. நடுவில் தடித்த, வளைந்த, பழைய ஓக் மரங்கள். உலகத்தின் முதல் நிரந்தர டிஸ்க் கோல்ஃப் மைதானம் 1975ல் அமைந்தது இந்த மரங்களுக்கு நடுவில்தான். பூங்காவின் பெயர் மாறிப் பல வருஷம் ஆகியும் விளையாடுகிறவர்கள் பழைய பெயரிலேயே ஓக் குரோவ் என்கிறார்கள்.

விளையாட்டு தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கணக்கெல்லாம் கோல்ஃப் கணக்குதான். பந்துக்குப் பதில் பிளாஸ்டிக் தட்டு, குழிக்குப் பதில் சங்கிலிகள் தொங்கும் இரும்புக் கூடை. சிமென்ட் தளத்திலிருந்து முதல் எறி. தட்டு விழுந்த இடத்திலிருந்து அடுத்த எறி. கூடைக்குள் விழும்வரை எத்தனை எறிந்தோம் என்று எண்ணிக்கொண்டே 18 கூடைகளையும் முடிக்க வேண்டும். எண்ணிக்கை யாருக்குக் குறைவோ அவர் ஜெயித்தவர். டிக்கெட் கிடையாது, முன்பதிவு கிடையாது, உறுப்பினர் கட்டணம் கிடையாது. உலகம் முழுக்க இப்படி 15,000க்கும் மேல் மைதானங்கள் இருக்கின்றன. பெரும்பாலானவை பொதுப் பூங்காக்களில், இலவசமாக.

வாசலில் ஆள் இல்லாத இடம் என்பதால் யார் வேண்டுமானாலும் வருகிறார்கள். முதல் தளத்தில் தனியாக நின்றால், பின்னால் வருகிற குழு "எங்களோடு வருகிறீர்களா?" என்று கேட்பது இங்கே வழக்கம். அமெரிக்காவுக்கு வந்து வருஷக்கணக்காகியும் அலுவலக ஆட்களையும் நம் ஊர்க்காரர்களையும் தவிர வேறு யாரையும் தெரியாமல் இருக்கிறோமே என்ற வருத்தம் எனக்கு நிறைய இருந்தது. அது இந்த மரங்களுக்குக் கீழேதான் குறைந்தது. எனக்கு அங்கே எதிர்ப்பட்ட சிலரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒரு பெரியவர். எழுபது வயதைத் தாண்டியவர், வெயிலில் நிறம் போன தொப்பி, தோளில் பழைய துணிப்பை. நான் எறிந்ததைப் பார்த்துக்கொண்டே இருந்தார். என் தட்டு ஒவ்வொரு தடவையும் கொஞ்ச தூரம் போய், மேலே ஏறி, அப்படியே நின்று, இடது பக்கம் சரிந்து விழுந்தது. "வேகம் போதும். மூக்குதான் தூக்குகிறது" என்றார். தட்டின் முன் விளிம்பைத்தான் மூக்கு என்பார்கள். அது சற்று நிமிர்ந்தால் காற்று அடியில் முட்டித் தட்டை மேலே தூக்கிவிடும், வேகம் செத்துவிடும். என் கையைப் பிடித்து, தட்டை முகத்துக்கு நேராகக் கொண்டுவந்து, விளிம்பைப் பார்க்கச் சொன்னார். விரல் இறுக்கும்போது மணிக்கட்டு தானாக மேலே ஏறுவது அப்போதுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. அதைச் சற்றே கீழே இறக்கி, விளிம்பு ஒரே கோடாகத் தெரியும்வரை திருப்பி வைத்தார். "இப்போது எறியுங்கள்." தட்டு தரைக்கு மேலே ஆள் உயரத்தில் ஓடி, கடைசியில் மட்டும் இடது பக்கம் திரும்பி அமர்ந்தது. அதற்கு முன் நான் எறிந்ததைவிட எத்தனையோ அடி அதிகம்.

கடைசியில் இடது பக்கம் திரும்புவது கோளாறு இல்லை என்பதையும் அவர்தான் சொன்னார். வலது கைக்காரர் உடம்புக்குக் குறுக்கே இழுத்து எறிந்தால், மேலிருந்து பார்க்கும்போது தட்டு கடிகார முள் திசையில் சுழலும். அந்தச் சுழற்சியால் வேகம் அடங்கும்போது அது இடது பக்கம்தான் சாயும். அதை எதிர்பார்த்து வலது பக்கம் குறி வைக்க வேண்டும். எதிர்க்காற்று அடித்தால் அதே தட்டு வலது பக்கம் கவிழப் பார்க்கும். தட்டின் மேல் அச்சிட்டிருக்கும் நான்கு எண்களும் இதையெல்லாம்தான் சொல்கின்றன: வேகம், மிதப்பு, தொடக்கத்தில் எவ்வளவு வலது பக்கம் போகும், முடிவில் எவ்வளவு இடது பக்கம் சாயும்.

அவர் இந்த இடத்தில் எழுபதுகளிலேயே விளையாடியவர். மைதானத்தை அமைத்த எட் ஹெட்ரிக்கைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் மாறிவிடும். ஹெட்ரிக், ஃப்ரிஸ்பீ என்ற விளையாட்டுத் தட்டைத் தயாரித்த வாமோ நிறுவனத்தில் 1964ல் சேர்ந்தவர். தட்டின் மேல் மெல்லிய வளையங்களை அமைத்து அதை நேராகப் பறக்க வைத்தது அவர் வேலை. முதலில் இங்கே கூடை கிடையாது, தரையில் நட்ட கம்பங்கள்தான். தட்டு கம்பத்தில் பட்டதா, படவில்லையா என்று ஒவ்வொரு ஆட்டத்திலும் சண்டை. அந்தச் சண்டையை நிறுத்தத்தான் ஹெட்ரிக் தன் மகனோடு சேர்ந்து சங்கிலியும் கூடையுமாக ஒன்றைச் செய்தார். சங்கிலியில் மோதிய தட்டு வேகம் இழந்து கூடையில் விழும். விழுந்தால் முடிந்தது, பேச்சே இல்லை. 1977ல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. அதற்கு முந்தைய வருஷமே தொழில்முறை டிஸ்க் கோல்ஃப் சங்கத்தைத் தொடங்கியிருந்தார், உறுப்பினர் எண் 1 அவருடையதுதான். 2002ல் அவர் இறந்தபோது, அவர் விருப்பப்படியே அஸ்தியைப் பிளாஸ்டிக்கில் கலந்து தட்டுகளாக வார்த்தார்கள். நம் பக்கத்தில் அஸ்தியை ஆற்றில் கரைப்போம், கடலில் கரைப்போம். இந்த மனிதர் பறக்க விரும்பியிருக்கிறார். பெரியவர் இதைச் சொன்னபோது எனக்குச் சற்று நேரம் பேச்சு வரவில்லை.

என் மாமனார் திண்டுக்கல்லிலிருந்து வந்திருந்த சமயம் அவரையும் கூட்டிப் போனேன். நடக்க வந்தவர், எறிவதற்கெல்லாம் இல்லை என்றுதான் சொன்னார். பெரியவர் விடவில்லை. அவர் ஆங்கிலம் மாமனாருக்குப் புரியாது, மாமனார் தமிழ் அவருக்குப் புரியாது. புல் வெட்டும் இயந்திரத்தைக் கயிறு இழுத்துக் கிளப்புவது போலக் கையால் செய்து காட்டினார் பெரியவர். மாமனார் ஒரு கணம் பார்த்தார். "அட, மண்ணெண்ணெய் பம்புசெட்டுக்குக் கயிறு சுத்தி இழுப்போமே, அதுதானே மாப்பிள்ளை?" என்றார். அதேதான். முழங்கையை மடக்கி, நெஞ்சுக்கு நெருக்கமாகக் கொண்டுவந்து, ஒரே வெட்டு. தோட்டத்தில் வருஷக்கணக்காக அந்தக் கயிற்றை இழுத்த கை அது. முதல் தட்டே நேராகப் போய்ப் பாதி தூரத்தில் விழுந்தது. அப்புறம் அவர் ஊருக்குத் திரும்பும்வரை சனிக்கிழமை காலையில் செருப்பை மாட்டிக்கொண்டு எனக்கு முன்னால் வாசலில் நிற்பார்.

இன்னொரு விஷயத்தையும் மாமனார்தான் என் மனதில் பதிய வைத்தார். ஓக் குரோவில் தட்டு புதருக்குள் போனால் உடனே கையை விடக் கூடாது. பாய்சன் ஓக் என்ற செடி அங்கே நிறைய உண்டு. மூன்று மூன்று இலையாக இருக்கும், இலையுதிர் காலத்தில் சிவந்து பார்க்க அழகாகவே இருக்கும். தோலில் பட்டால் கொப்புளம், அரிப்பு, வாரக்கணக்கில் போகாது. இலை உதிர்ந்த வெறும் குச்சியிலும் கொப்புளத்தைக் கிளப்பும் எண்ணெய் இருக்கிறது, தட்டிலும் துணியிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கும் வரும். என் நண்பர் ஒருவருக்குக் கை முழுக்கக் கொப்புளித்ததைப் பார்த்துவிட்டு மாமனார், "இது சேங்கொட்டை பட்ட மாதிரியில்ல இருக்கு" என்றார். தேடிப் பார்த்தேன். சேங்கொட்டை, மா, முந்திரி, பாய்சன் ஓக் எல்லாம் தாவரவியலில் ஒரே குடும்பம். எண்ணெயும் ஏறக்குறைய ஒரே வகை. ஒரு கழியை எடுத்துத் தட்டைப் புதரிலிருந்து வெளியே தள்ளிக் கொண்டுவந்து, உடனே சோப்புப் போட்டுக் கையையும் தட்டையும் கழுவுங்கள். வெயில் காலத்தில் கிலுகிலுப்பைப் பாம்பு, அதாவது ரேட்டில் ஸ்னேக், பாதையோரம் படுத்திருக்கும். அதற்கும் இந்தக் கழி உதவும், தூரத்திலிருந்து புதரைத் தட்டிப் பார்க்க.

சரி, சந்தோஷமான ஒன்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் கூடைக்குப் பக்கத்தில் நின்று, பின்னால் வந்த அம்மாவுக்கும் மகளுக்கும் வழிவிட்டோம். அம்மா எறிந்தார். தட்டு ஒரு ஓக் கிளையில் உரசி, திசை மாறி, நேராகச் சங்கிலியில் போய் மோதியது. முதல் எறியிலேயே கூடை. இதை ஏஸ் என்பார்கள், பல வருஷம் விளையாடியும் ஒன்றுகூடக் கிடைக்காதவர்கள் உண்டு. அந்த அம்மா வாயைக் கையால் பொத்திக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார். கத்தியதெல்லாம் நாங்கள்தான். பக்கத்துத் தளத்தில் இருந்தவர்களும் ஓடி வந்தார்கள். ஏஸ் விழுந்த தட்டில் அதைப் பார்த்த எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும் என்பது வழக்கம். மார்க்கர் கைக்குக் கை மாறி என்னிடம் வந்தபோது நான் தமிழில் போட்டேன். மகள் அந்த எழுத்தை விரலால் தொட்டுப் பார்த்து, எப்படி உச்சரிப்பது என்று கேட்டு, சொல்லிப் பழகினாள்.

பையன்கள் கூட்டம் ஒன்று வரும். அவர்கள் எல்லோருக்கும் ஒரே கனவு: 2021ல் யூட்டா மாநிலத்தின் ஆக்டன் நகரில் நடந்த உலகப் போட்டியின் கடைசிக் கூடை. ஹண்டிங்டன் பீச்சைச் சேர்ந்த, அதாவது நம்ம பக்கத்துக்காரரான, பால் மெக்பெத் ஒரு எறி முன்னால் இருந்தார். ஜேம்ஸ் கான்ராட் 247 அடி தூரத்திலிருந்து எறிந்தது நேராகக் கூடைக்குள் விழுந்தது. ஆட்டம் சமன். அடுத்து ஆடிய கூடையில் கான்ராட் ஜெயித்தார். அந்தப் பையன்கள் எட்டு மணி வெயிலில், பள்ளிப் பையை ஓக் மரத்தடியில் போட்டுவிட்டு, அதே தூரத்தை அடியளந்து நின்று எறிவார்கள். விழாது. அடுத்தவன் வருவான்.

எனக்குக் கோபம் வந்த நாளும் ஒன்று உண்டு, அதையும் எழுதத்தான் வேண்டும். இந்தப் பூங்கா நமக்கு மட்டும் இல்லை. நடக்க வருகிறவர்கள், நாயோடு வருகிறவர்கள், குழந்தைகள், குதிரைப் பாதையில் குதிரைக்காரர்கள் எல்லோரும் உண்டு. அன்றைக்கு வயதான ஒருவர் நாயைப் பிடித்துக்கொண்டு பாதையைக் கடந்துகொண்டிருந்தார். முன்னால் இருந்த குழுவில் ஒருவன் காத்திருக்காமல் எறிந்துவிட்டான். விலகச் சொல்லும் எச்சரிக்கையாக "ஃபோர்!" என்று கத்தியதும் தட்டு பறந்த பிறகுதான். அவர் தோளுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் மரத்தில் அடித்தது. இந்தத் தட்டு கடற்கரையில் குழந்தைகள் எறிகிற ஃப்ரிஸ்பீ இல்லை. 170 கிராம் எடை, விளிம்பு கூர்மையாகச் சரிந்திருக்கும், சாதாரண ஆட்டக்காரர் எறிந்தாலே மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் போகும். முகத்தில் பட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அந்தக் குழு சிரித்துக்கொண்டே அடுத்த தளத்துக்குப் போனது. எங்கள் பெரியவர் வேகமாக நடந்துபோய் அவர்களை நிறுத்தி, நாய்க்காரரிடம் திரும்ப அழைத்து வந்து, மன்னிப்புக் கேட்க வைத்தார். குரலை உயர்த்தவே இல்லை. "நடப்பவருக்குத்தான் முதல் உரிமை. அவர்கள் புகார் கொடுத்தால் கூடையைப் பிடுங்கிவிடுவார்கள், அப்புறம் யாரும் விளையாட முடியாது" என்று மட்டும் சொன்னார்.

குதிரை வந்தால் அவர் இன்னும் கண்டிப்பு. தட்டைக் கையில் தூக்கிக்கூடப் பிடிக்க மாட்டார், முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொள்வார். பளிச்சென்ற நிறத்தில் ஏதாவது பறந்தாலோ சங்கிலி சத்தம் கேட்டாலோ குதிரை மிரளும், மேலே இருப்பவர் விழுவார். குதிரை கண்ணை விட்டு மறையும்வரை நாங்கள் எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்போம். குதிரைக்காரப் பெண்மணிகள் இப்போது எங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள்.

போக நினைப்பவர்களுக்கு: கடைக்காரர் காட்டும் டிரைவரை, அதாவது நெடுந்தூரத்துக்கு எறிகிற வேகமான தட்டை, முதலிலேயே வாங்காதீர்கள். அதைப் பறக்க வைக்கும் வேகம் புதுக் கைக்கு வராது. கூடைக்குப் பக்கத்திலிருந்து எறிய ஒரு புட்டர், நடுத்தர தூரத்துக்கு ஒரு மிட்ரேஞ்ச் தட்டு, இரண்டும் சேர்த்து ஒரு சினிமா செலவுதான். தட்டின் அடியில் பெயரும் போன் நம்பரும் எழுதிவிடுங்கள், கூப்பிட்டுத் திருப்பித் தருகிறவர்கள்தான் அதிகம். ஆற்றுப்படுகைப் பக்கம் தொலைந்த என் நீலத் தட்டு, நான் மறந்தே போன பிறகு, ஜேபிஎல்லில் வேலை பார்க்கும் ஒருவரின் அழைப்பால் திரும்பக் கிடைத்தது. மதிய உணவு இடைவேளையில் ஒரு சுற்று போடுகிறவராம். வாங்கப் போனேன், அப்படியே அவரோடு ஒன்பது கூடை ஆடிவிட்டுத்தான் வந்தேன். சனிக்கிழமை காலை ஏழரைக்குப் போனால் முதல் தளத்தில் யாராவது கட்டாயம் இருப்பார்கள். சேர்ந்துகொள்ளலாமா என்று கேட்டால் போதும்.