சிற்றூர் ஊழியத்தில் மூன்றாம் ஆண்டு: தொடர்வதா, மாற்றம் கேட்பதா?

கேள்வி: தகரக்கூரை வீடு

அனைவருக்கும் தோத்திரம்.

என் கணவர் பர்மாவின் மோன் மாநிலத்தின் தெற்குப் பகுதியில், ரப்பர் தோட்டங்கள் சூழ்ந்த ஒரு சிற்றூரில் மிஷனரி ஊழியராக இருக்கிறார். இருவருமே ரங்கூனில் பிறந்து வளர்ந்தவர்கள். இங்கே வந்து இரண்டரை ஆண்டுகள் ஆகின்றன. ஊரில் தமிழ்க் குடும்பங்கள் இருபதுக்குள்தான் இருக்கும். அவற்றில் ஏழு சபைக்கு வருகின்றன, மற்றவை மாரியம்மன் கோவிலைச் சேர்ந்தவை. பெரியவர்கள் தமிழ் பேசுகிறார்கள். பிள்ளைகளுக்குப் பர்மிய மொழியில் சொன்னால்தான் புரிகிறது. ஆகவே ஒரே பிரசங்கத்தை என் கணவர் இரண்டு மொழிகளில் ஆயத்தம் செய்ய வேண்டியிருக்கிறது.

நல்ல நாட்களே இல்லை என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். சென்ற ஆடி மாதத்தில் ஒரு புதன்கிழமை இரவு ஜெபக்கூட்டத்திற்கு எங்கள் இருவரையும் சேர்த்து நான்கு பேர்தான் இருந்தோம். தகரத்தின் மேல் விழுந்த மழையில் பேசுவது எதுவும் கேட்கவில்லை. என் கணவர் வேதத்தை மூடிவிட்டார். ஒழுகிய இடங்களில் பாத்திரங்களை வைத்துவிட்டு, சோலார் விளக்கைச் சுற்றி ஒரு மணி நேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். புறப்படும்போது ரப்பர் மரத்தில் பால்வெட்டுகிற அண்ணன் ஒருவர், "ஐயா, இன்றைக்குத்தான் கூட்டம் நன்றாக இருந்தது" என்றார். அதை நினைத்து நாங்கள் ஒரு வாரம் சிரித்தோம்.

ஆனால் அந்தச் சிரிப்பு இப்போது குறைந்துகொண்டே வருகிறது. சந்தையில் நான் கோழி வாங்கினால், மிஷன் சங்கத்துப் பணம் வந்துவிட்டதா என்று மாலைக்குள் மூன்று பேர் கேட்டுவிடுகிறார்கள். கருவாடு வாங்கினால், ஐயாவுக்கு இந்த மாதம் ஒன்றும் வரவில்லையா என்கிறார்கள். காலாண்டு அறிக்கையில் ஞானஸ்நானம் பெற்றோர் என்ற கட்டத்தில் தொடர்ந்து பூஜ்யம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். பள்ளியில் என் மகனைக் 'கலா' என்று, இந்திய வம்சத்தாரை இழிவாகச் சொல்லும் பெயரால் அழைக்கிறார்கள். போதாக்குறைக்கு, பக்கத்து வீட்டுப் பர்மியர் தம் பேரனின் ஷின்பியூ விருந்துக்கு, அதாவது பையனைப் பௌத்த இளந்துறவியாக்கும் சடங்கின் விருந்துக்கு, எங்களை அழைத்திருக்கிறார். போனால் சபையில் இரண்டு குடும்பங்கள் முகம் சுளிப்பார்கள். போகாவிட்டால் தெருவே முகம் சுளிக்கும்.

மாற்றம் கேட்கலாமா என்று யோசிக்கிறோம். இப்படிப்பட்ட ஊர்களில் இருந்தவர்கள் என்ன செய்தீர்கள் என்பதை அறிய விரும்புகிறேன்.

மறுமொழி: தட்டோன் மூத்தவர்

அம்மா, என் தகப்பனார் இதே மாநிலத்தில் உபதேசியாராக இருந்தவர். 1966-ஆம் ஆண்டில் வெளிநாட்டு மிஷனரிகள் நாட்டை விட்டு வெளியேற வேண்டியதாயிற்று. எங்கள் ஊரில் துரையின் மேசையும் நாற்காலியும் மிஞ்சின, சம்பளம் கொடுக்கத்தான் ஆள் இல்லை. அந்த நாற்காலியில் அமர்ந்து வேலை பார்த்தவரின் மகன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் உங்கள் கூட்டத்தின் நேரத்தைக் கவனியுங்கள். பால்வெட்டுக்காரர் விடியுமுன்னே தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் போகிறவர், ஏனென்றால் வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறைந்துவிடும். அவரை இரவு ஏழரை மணிக்குக் கூப்பிடுவது உங்களையும் என்னையும் நள்ளிரவில் கூப்பிடுவதற்குச் சமம். என் தகப்பனார் முதல் ஆண்டு முழுவதும் காலிப் பாய்களுக்குப் பிரசங்கம் செய்துவிட்டு, பிறகு கூட்டத்தைப் பகல் மூன்று மணிக்கு மாற்றினார். அந்த நேரத்திற்குள் பாலை உறைய வைத்து, ஷீட் அடித்து, காயப் போட்டுக் குளித்திருப்பார்கள். சிலர் உட்கார்ந்தபடியே தூங்குவார்கள். அவர் எழுப்பியதே இல்லை.

காணிக்கையும் மரத்தைப் பார்த்துத்தான் வரும். மழை பிடித்துக்கொண்டால் வெட்டு நின்றுவிடும். மாசி, பங்குனியில் இலை உதிரும்போது பால் வற்றும். ஐப்பசிக்குப் பின் தை வரைக்கும் பெட்டியில் நோட்டு விழும். ஆனி, ஆடியில் வாழைக்காயும் முட்டையும் வரும், அவற்றைச் சங்கத்துக் கணக்கில் எழுத முடியாது. என் தாயார் தை மாதத்திலேயே அரிசி, பருப்பு, ஙப்பி என்ற மீன் விழுது எல்லாவற்றையும் மழைக்காலத்துக்கென்று வாங்கி வைத்துவிடுவார். உங்கள் சபையாரின் பக்தி குறைந்துவிட்டது என்று ஆடி மாதத்தில் முடிவு செய்துவிடாதீர்கள்.

அமெரிக்க மிஷனரியான ஜட்சன் ஐயா 1813 ஜூலையில் ரங்கூனில் இறங்கியதையும், முதல் பர்மியரான மாங் நோ 1819 ஜூனில்தான் ஞானஸ்நானம் பெற்றதையும் எல்லாப் போதகரும் பிரசங்கத்தில் சொல்வார்கள். ஆறு ஆண்டுகள் பொறுத்தாரே, நீங்களும் பொறுங்கள் என்று முடித்துவிடுவார்கள். எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறு. அந்த 1819-ஆம் ஆண்டில்தான் அவர் இந்நாட்டு வழக்கப்படி சாலையோரமாக ஒரு சயாத் கட்டி, போகிறவர் வருகிறவர் கண்ணில் படும்படி அதில் உட்காரத் தொடங்கினார். நம் ஊர்ச் சாவடியைப் போன்றதுதான் சயாத். உங்கள் பக்கத்துத் தன்பியூசயாத்தின் பெயருக்கே தகரச் சாவடி என்றுதான் பொருள். ஆட்களை வீட்டுக்குள் வரவழைக்க முயன்றவர், அவர்கள் நடக்கிற பாதைக்குத் தாம் போய் உட்கார்ந்தார். உங்கள் வீட்டின் தெருப்பக்கம் ஒரு மூங்கில் பெஞ்சும் மூடியோடு ஒரு தண்ணீர்ப் பானையும் வைத்துப் பாருங்கள். செலவும் அதிகமில்லை.

மறுமொழி: மாற்றம் வாங்கியவன்

பெரியவர் சொன்ன நேரக் கணக்கை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் ஜட்சன் ஐயாவின் கதையை நாம் எப்போதும் ஐயாவின் பக்கத்திலிருந்தே சொல்கிறோம் என்ற குறை எனக்கு உண்டு.

1824-இல் முதல் ஆங்கில-பர்மியப் போர் மூண்டபோது அவரை அன்றைய பர்மியத் தலைநகரான ஆவாவில் சிறையில் அடைத்தார்கள். அவர் சிறையில் இருந்த காலத்திலேயே அவர் மனைவி ஆன் அம்மையார் ஒரு பெண் குழந்தையைப் பெற்று, அதையும் தூக்கிக்கொண்டு, கணவருக்குச் சோறு கொண்டுபோகவும் அதிகாரிகளிடம் மன்றாடவும் அலைந்தார். போர் முடிந்ததும் ஆம்ஹர்ஸ்ட் என்று ஆங்கிலேயர் பெயரிட்ட கியைக்கமியில் புதிதாகக் குடியேறினார்கள். 1826 அக்டோபர் 24 அன்று அம்மையார் அங்கே காய்ச்சலில் இறந்தபோது ஜட்சன் உடன் இல்லை. ஆங்கிலத் தூதுக்குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக ஆவாவுக்குப் போயிருந்தார். அம்மையாருக்கு வயது 36. ஆறு மாதங்களில் அந்தக் குழந்தையும் போய்விட்டது. கடலுக்குள் நிற்கும் ஏலே பகோடாவைப் பார்க்கக் கியைக்கமிக்கு ஊரே போகிறது. அடுத்த முறை போனால் அம்மையாரின் கல்லறைப் பக்கமும் சென்று சற்று நேரம் நின்றுவிட்டு வாருங்கள். தியாகம் என்று ஒரு வார்த்தையில் நாம் கடந்து போவது எதை என்று அங்கே விளங்கும்.

இதை எழுதக் காரணம் என் வீட்டில் நடந்தது. ஒரு சிற்றூரில் நான்கு ஆண்டுகள் இருந்தோம். மூன்றாம் ஆண்டிலேயே என் மனைவிக்குத் தூக்கம் போய்விட்டது. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் அடுப்படியில் போய் நின்றுகொள்வார். எங்களை அனுப்பியவர்களுக்கு எழுதினேன். ஜெபியுங்கள் என்று பதில் வந்தது. நானும் அதையே அவரிடம் சொன்னேன். இன்று நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. ஐந்தாம் ஆண்டில் மாற்றம் கேட்டுப் பெற்றோம். அதைத் தோல்வி என்று பேசியவர்கள் உண்டு, இப்போதும் பேசுகிறார்கள்.

ஆகவே சகோதரி, உங்கள் கேள்விக்கு முன்னால் இன்னொரு கேள்வியைக் கேட்க விரும்புகிறேன். மாற்றம் வேண்டும் என்பது யாருடைய விருப்பம், உங்களுடையதா, அவருடையதா, இருவருடையதுமா? உங்களுடையது என்றால், அதை அவர் வாயால் சொல்லவிடாமல் உங்கள் பெயரிலேயே சங்கத்துக்குக் கடிதம் எழுதுங்கள். மாற்றத்திற்கு முன்னால் ஒரு மாத விடுப்புக் கேளுங்கள். தாய்வீட்டில் பத்து நாள் தூங்கி எழுந்த பிறகு எடுக்கும் முடிவும், மழை கேட்டுக்கொண்டே எடுக்கும் முடிவும் ஒன்றாக இருப்பதில்லை. அறிக்கையில் பூஜ்யம் எழுதிய கட்டத்திற்குக் கீழே, அந்தக் காலாண்டில் நடந்த ஒரு காரியத்தை முழுதாக ஐந்து வரியில் எழுதத் தொடங்குங்கள். நீங்கள் சொன்ன மழைக் கூட்டம் அதற்குத் தகும். படிக்கிற அலுவலர்களும் மனிதர்கள்தானே.

மறுமொழி: கோவில் தெருக்காரர்

நான் கிறிஸ்தவன் அல்லன். பெகு பக்கம் ஒரு சிறிய ஊரில் அம்மன் கோவில் கமிட்டியில் இருக்கிறேன். மறுபக்கத்திலிருந்து இது எப்படித் தெரிகிறது என்று சொன்னால் தங்கைக்குப் பயன்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் ஊருக்கு மூன்று ஊழியர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். முதலாமவர் வந்த மாதமே தீமிதித் திருவிழா அன்று கோவில் வாசலில் நின்று துண்டுப் பிரசுரம் கொடுத்தார். அவரை யாரும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் அதன் பிறகு அவருக்கு யாரும் வணக்கமும் சொல்லவில்லை. மூன்றாமவர் ஐந்து மாதங்கள்தான் இருந்தார். முகம் கூட நினைவில்லை. நடுவில் வந்தவரைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். அவர் எங்கள் தெருவின் நன்மை தீமைச் சங்கத்தில் சேர்ந்தார். பர்மியத்தில் அதற்குத் தாயே நாயே என்று பெயர், தமிழில் எழுதினால் வேடிக்கையாகத் தெரியும். கல்யாணத்திற்குப் பந்தல் போடுவதும், சாவுக்குப் பாடை தூக்குவதும், இரவு விழித்திருப்பவர்களுக்குத் தேநீர் ஊற்றுவதும் அதன் வேலைகள். என் தகப்பனார் இறந்த இரவில் அந்த ஊழியர் விடியும்வரை இருந்தார். ஜெபம் செய்யட்டுமா என்று அவர் கேட்கவில்லை. நாற்காலிகளை எண்ணி வாடகைக் கடைக்குத் திருப்பிக் கொடுத்ததும் அவர்தான். மாற்றலாகிப் போன நாளில் பேருந்து நிறுத்தத்திற்கு வந்தவர்களில் சபையாரைவிடக் கோவில்காரர்கள் நாங்களே அதிகம். எங்களில் ஒருவரும் மதம் மாறவில்லை என்பதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். உங்கள் அறிக்கைப் படிவத்தில் அவருக்கும் பூஜ்யம்தான் விழுந்திருக்கும்.

ஷின்பியூ விருந்துக்குக் கட்டாயம் போங்கள். பிள்ளைக்கு இளவரசன் வேடமிட்டு ஊர்வலம் வருவதைப் பாருங்கள், போட்டதைச் சாப்பிடுங்கள், உறையில் ஒரு தொகை வைத்துக் கொடுத்துவிட்டு வாருங்கள். பிக்குவின் முன் விழுந்து கும்பிடும்படி உங்களை யாரும் வற்புறுத்த மாட்டார்கள். ஐயா சபைக்காரர் என்பது ஊருக்குத் தெரியும். கோழி, கருவாடு விவகாரத்தில், ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பதைத் தவிர வேறு சொல்வதற்கில்லை. அந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் எல்லாரும் வேவு பார்ப்பவர்கள் அல்லர். சிலர் கடன் கேட்பதற்காகவும், சிலர் உங்கள் வீட்டில் சோறு இருக்கிறதா என்று தெரிந்துகொள்வதற்காகவும் கேட்கிறார்கள். யார் யார் எந்த வகை என்பது உங்களுக்கு இதற்குள் தெரிந்திருக்குமே.

பிள்ளையைக் 'கலா' என்று அழைப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. என்னையும் அழைத்தார்கள், என் பேரனையும் அழைக்கிறார்கள். வகுப்பில் அவனுக்கு ஒரே ஒரு நல்ல கூட்டாளி அமைந்தால் பாதி வலி குறையும். அந்தக் கூட்டாளியை அடிக்கடி வீட்டுக்கு அழைத்துத் தோசை சுட்டுக் கொடுங்கள்.

கேட்டவர்: தகரக்கூரை வீடு

மூவருக்கும் நன்றி. ஆறு வாரங்கள் கழித்து எழுதுவதற்கு மன்னியுங்கள். இங்கே இணையமும் மின்சாரமும் ஒரே நேரத்தில் கிடைப்பது அரிது.

கூட்டத்தைப் பகல் மூன்று மணிக்கு மாற்றினோம். கடந்த வாரம் ஒன்பது பேர் வந்தார்கள், இருவர் நன்றாகத் தூங்கினார்கள், எழுப்பவில்லை. ஷின்பியூ விருந்துக்குப் போனோம். முகம் சுளிப்பார்கள் என்று நான் பயந்த இரண்டு குடும்பங்களில் ஒன்று எங்களுக்கு முன்பே பந்தியில் அமர்ந்திருந்தது.

மாற்றம் பற்றி 'மாற்றம் வாங்கியவன்' ஐயா கேட்ட கேள்வியைக் கணவரிடம் காட்டினேன். அது என்னுடைய விருப்பம் என்று அவரும், அவருடையது என்று நானும் இத்தனை நாள் நினைத்திருந்தோம். என் பெயரில் கடிதம் எழுதிவிட்டேன். மகனோடு ஒரு மாதம் ரங்கூனில் இருக்க அனுமதி வந்திருக்கிறது. முடிவைத் தை மாதம் எடுப்பதாக இருக்கிறோம்.

பெஞ்சு போட்டாயிற்று. இதுவரை அதில் உட்கார்ந்தவர்கள் பேருந்துக்குக் காத்திருந்த ஒரு மோன் பாட்டியும் எங்கள் தெரு நாயும்தான். பாட்டி தண்ணீர் குடித்துவிட்டு, பானையைத் தினமும் கழுவுகிறாயா என்று என்னைக் கேட்டார். கழுவுகிறேன் என்றேன். அடுத்த நாள் வந்து திறந்து பார்த்தார்.