பேன்ட் சட்டையில இருந்து கொஞ்சம் கொஞ்சமா ஆண்ட்ரோஜினஸ் (ஆம்பளது பொம்பளதுன்னு பிரிக்க முடியாத) ஸ்டைலுக்கு மாறணும், எதுல ஆரம்பிக்கறது?

கொருக்குப்பேட்டை_கேட்:

எல்லாருக்கும் வணக்கம். வயசு 27, கொருக்குப்பேட்டை, பாரிஸ் கார்னர் பக்கம் ஒரு கிளியரிங் ஆபீஸ்ல டாகுமென்டேஷன் வேலை. இத கேக்கணும்னு ரொம்ப நாளா டைப் பண்ணி டைப் பண்ணி அழிச்சுட்டு இருந்தேன், இன்னிக்கு அனுப்பிடறேன்.

போன வருஷம் மணலி ரோட்ல வண்டி ஸ்கிட் ஆகி முட்டியில 11 தையல். ஜீன்ஸுக்குள்ள காலை விடவே முடியல, லுங்கி கட்டுனா நடக்கறப்ப தட்டி தட்டி கட்டு அவுந்துக்குது. பாக்க வந்த அக்கா, கல்யாணத்துக்கு முன்னாடி இங்கயே விட்டுட்டுப் போன பலாசோ, அதான் லூசான லேடீஸ் பேன்ட், ஒண்ண எடுத்துக் குடுத்தா. ரேயான், கருநீலத்துல சின்ன சின்ன வெள்ளப் பூ. மூணு வாரம் வீட்ல அதுதான். தையல் பிரிச்சு திரும்ப ஜீன்ஸ் மாட்டுன அன்னிக்கு வேற யாரோ ஒருத்தனோட துணிய எடுத்து போட்டுக்கிட்ட மாதிரி இருந்துச்சு, அந்த நெனப்பு இன்னும் போகல.

அதுக்கப்பறம்தான் பீரோவ ஒழுங்கா பாத்தேன். கட்டம் போட்ட சட்டை 9, ஜீன்ஸ் 4, கார்கோ 3, மத்ததெல்லாம் கருப்பு, சாம்பல். ஒண்ணு கூட நான் ஆசப்பட்டு எடுத்தது இல்ல. பத்தாவது முடிச்சதுல இருந்து ஏரியா பசங்க எத எடுக்கறாங்களோ அதையே நானும் தீபாவளிக்கு எம்.சி. ரோட்ல எடுத்துக்கினு வந்திருக்கேன்.

எனக்கு புடவை கட்டணும், பொண்ணா தெரியணும்னு இல்ல. அப்படி இருக்கறவங்க மேல மரியாதை உண்டு, என் விஷயம் அது இல்லன்னு மட்டும் சொல்றேன். பாத்த உடனே இது ஆம்பள டிரஸ் இது பொம்பள டிரஸ்னு பிரிக்க முடியாத மாதிரி, லூசா, மெத்துன்னு, கலரா இருக்கணும், அதையே தினமும் ஆபீஸுக்கும் கேரம் கிளப்புக்கும் போட்டுக்கினு போகணும். நெட்ல தேடுனா வர்ற போட்டோ எல்லாம் ஒல்லியா, மீசை தாடி இல்லாம, குளிர் ஊர்ல கோட்டு மேல கோட்டு போட்டவங்க. எனக்கு நெஞ்சு 42, தோள் அகலம், கையெல்லாம் முடி, மே மாசத்துல கொருக்குப்பேட்டை ஸ்டேஷன்ல ட்ரெயினுக்கு நிக்கறவன்.

இன்னொண்ணு, நாங்க இருக்கறது லைன் வீடு. ஆறு குடித்தனத்துக்கு ஒரே மொட்டை மாடி, கொடியில காயற துணிய வெச்சே எது யாரு வீட்டுதுன்னு எல்லாருக்கும் தெரியும். பலாசோவ பாத்து பக்கத்து வீட்ல கேட்டப்ப அம்மா "பொண்ணுது"ன்னு சொன்னாங்க. அக்கா திருவொற்றியூர் போய் ரெண்டு வருஷம் ஆச்சு.

மொத்தமா தூக்கிப் போட்டு புதுசா வாங்கணுமா? இந்த உடம்புக்கு எது நிக்கும்? ஆபீஸ்ல ஃபார்மல்ஸ்தான். தெரிஞ்சவங்க சொல்லுங்க.

மூலக்கடை_மேகம்:

நண்பா, நாலு வருஷமா இதே வழியில வந்துக்கினு இருக்கறவன் நான். எதையும் தூக்கிப் போடாத. நான் ஒரே ஞாயித்துக்கிழமை மூட்டை கட்டி குடுத்துட்டு அடுத்த வாரம் ஆபீஸுக்கு போட சட்டை இல்லாம நின்னேன். கருப்பு, சாம்பல் ப்ளெயின் எல்லாம் வெச்சுக்கோ, அதுங்க எதோடயும் சேரும்.

மொதல்ல இடுப்புக்கு கீழ மாத்து, மேல இப்ப இருக்கறதே இருக்கட்டும். கருப்பு ப்ளெயின் சட்டை, கீழ நல்லா அகலமான பேன்ட், அவ்ளோதான், ரெண்டு மாசம் இதுலயே இரு. ஆபீஸ்ல டேபிளுக்கு கீழ யாரும் பாக்கறது இல்ல. உனக்கு பழகறதுக்கும் டைம் கிடைக்கும், மத்தவங்களுக்கும் கிடைக்கும்.

எம்.சி. ரோட்டுக்கு ஞாயித்துக்கிழமை போகாத, செவ்வாய் புதன் காலையில கடை திறந்த சூட்டுல போ, எடுத்துக் காட்ட பொறுமை இருக்கும். லேடீஸ் செக்‌ஷன்ல தனியா நின்னா "யாருக்குண்ணா, சைஸ் இன்னா"ன்னு கேப்பாங்க. மொத தடவ நான் "தங்கச்சிக்கு"ன்னு சொல்லிட்டேன், அப்பறம் எப்படி இடுப்புல வெச்சு பாக்கறது, எடுத்துக்கினு வந்தது ரெண்டும் பத்தல. அடுத்த தடவ "எனக்குத்தான், இடுப்பு 36"ன்னேன். அந்தப் பையன் ஒரு செகண்ட் பாத்தான், உள்ள போய் பெரிய சைஸ் நாலு எடுத்துட்டு வந்து போட்டான். இன்னொரு கடையில சிரிச்சாங்க, வெளிய வந்துட்டேன், உள்ளுக்குள்ள அன்னிக்கு பூரா வலிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா அந்த ரோட்ல பக்கத்துலயே பத்து கடை இருக்கு.

உயரமா இருந்தா லேடீஸ் பேன்ட் கணுக்காலுக்கு மேல நிக்கும், பரவால்ல, நல்லாவே இருக்கும். தாடிய எடுக்கணும்னு அவசியம் இல்ல. நான் எடுக்கல.

வியாசர்பாடி_தையல்:

தம்பின்னே கூப்பிடறேன், வேற மாதிரி கூப்பிடணும்னா சொல்லு, மாத்திக்கறேன். 22 வருஷமா வீட்லயே மிஷின் போட்டு தைக்கறேன். பேன்ட் பத்தி மேல சொன்னது சரி. ஆனா மேல்துணிய ரெடிமேட் லேடீஸ் குர்த்தியா எடுத்துடாத.

லேடீஸ் எக்ஸெல் குர்த்தியில ஷோல்டர் 15, 15½ இஞ்ச்தான் வரும். நெஞ்சு 42ன்னா உனக்கு 18 கிட்ட வேணும். ஷோல்டர் சேரணும்னு பெரிசு பெரிசா எடுத்துக்கிட்டே போனா கழுத்து இறங்கிடும், மார்ல டார்ட் (மடிப்புத் தையல்) புடிச்ச இடம் காத்து அடைச்ச மாதிரி நிக்கும், கைக்குழி மட்டும் அப்பவும் புடிக்கும். கண்ணாடியில பாத்துட்டு நம்ம உடம்புக்கு இதெல்லாம் வராதுன்னு நெனச்சுக்குவ. அந்தத் துணி உன் அளவுக்கு வெட்டுனதே இல்ல, அவ்ளோதான்.

துணி எடுத்து தைச்சுக்கோ. பன்னா, அதாவது துணி அகலம், 44 இஞ்ச்னா தொடை பாதி வரைக்கும் இறக்கம், முழுக்கை வெச்சு 2½ மீட்டர், முட்டி வரைக்கும்னா 3 மீட்டர். ஷோல்டர் தையல் எலும்பு மேல நிக்காம ஒன்றரை இஞ்ச் கீழ இறங்கட்டும், ட்ராப் ஷோல்டர்னு சொன்னா டெய்லருக்கு தெரியும், அகலத் தோள் அப்படியே சரிஞ்சு இறங்குன மாதிரி தெரியும். காலர்ல, கஃப்ல உள்ள வெக்கற வெறப்புத் துணி, கேன்வாஸ், அது வேணாம்னு சொல்லிடு. ஆம்பள சட்டை அந்த வெறப்பு வெறச்சுக்கிட்டு நிக்கறதுக்கு பாதி காரணம் அந்த கேன்வாஸ்தான். பட்டன் ஜென்ட்ஸுக்கு வலது பக்கம் வரும், லேடீஸுக்கு இடது பக்கம், உள்பட்டி வெச்சு மறைச்சுட்டா ரெண்டு பேச்சும் இல்ல. சைடு ஓபன் ஒரு 8 இஞ்ச் விடு, உக்காரும்போது இழுக்காது. பேன்ட்டும் தைக்கறதா இருந்தா ரெண்டு பக்கமும் ஆழமா பாக்கெட் கேட்டு வாங்கு, லேடீஸ் ரெடிமேட்ல பாக்கெட்டே பாதிக்கு இருக்காது, இருந்தாலும் போன் வெளிய தலை நீட்டும்.

ரேயான் எடுத்தா ராத்திரி பூரா ஊறப்போட்டு காயவெச்சு அப்பறம் வெட்டக் குடு, இல்லனா மொத துவையல்லயே ஏறிக்கும். டெய்லர்கிட்ட ஆண்ட்ரோஜினஸ்னு சொன்னா முழிப்பாரு. இருக்கறதுலயே லூசான சட்டைய அளவு சட்டையா எடுத்துட்டுப் போய் "இதவிட தோள் இறங்கணும், ஜிப்பா மாதிரி, ஆனா இறக்கம் கம்மியா"ன்னு சொல்லு, புரிஞ்சுக்குவாரு.

தேரடி_நெய்தல்:

நான் பொண்ணு, 29, திருவொற்றியூர். காலேஜ் செகண்ட் இயர்ல இருந்து அண்ணன் சட்டை, ஜென்ட்ஸ் பேன்ட், ஒட்ட வெட்டுன முடி. உன் பீரோவும் என் பீரோவும் பக்கத்துல வெச்சா வித்தியாசம் தெரியாது. ஆனா எனக்கு அந்த சட்டையெல்லாம் வீட்ல ஆறு வருஷம் சண்டை போட்டு வாங்குனது. அதனாலயே மாட்டிக்கிட்டேன். பாட்டியோட சுங்குடி புடவை ஒண்ணு இருந்துச்சு, அரக்குல வெள்ளப் புள்ளி, அத தொட்டு தொட்டு பாப்பேன், போட மாட்டேன். போட்டா "பாத்தியா வழிக்கு வந்துட்டா"ன்னு சொல்லிடுவாங்களேன்னு பயம். ரெண்டு வருஷம் அந்தப் பயத்துலயே போச்சு.

கடைசியில அதையே ஜென்ட்ஸ் அரைக்கை சட்டை வெட்டுல தைச்சுக்கிட்டேன். ஒரு காதுல மட்டும் நீளமா வெள்ளி, கீழ அதே பழைய பேன்ட். அம்மா நான் பயந்த மாதிரியேதான் சொன்னாங்க, மாப்பிள்ளை பேச்சு ஒரு மாசம் ஓடுச்சு. நான் அடுத்த நாள் அண்ணன் சட்டை, அதுக்கு அடுத்த நாள் சுங்குடின்னு மாத்தி மாத்தி போட்டுக்கிட்டே இருந்தேன், பேசிப் பேசி விட்டுட்டாங்க.

உனக்கு ஒண்ணு சொல்லணும். நெட்ல ஆண்ட்ரோஜினஸ்னு காட்டறதுல பாதி பழுப்பு கலர், சாம்பல் கலர், பெரிய டி-ஷர்ட், கோட்டு. நல்லா பாத்தா அதுவும் ஆம்பள டிரஸ்தான், பொண்ணு போட்டுட்டா பொதுன்னு பேர் வெச்சுடறாங்க, பூ போட்டது மட்டும் எப்பவும் பொம்பளைதாவே நிக்குது. அந்த லிஸ்ட்ட பாத்து வாங்குனா திரும்ப ஏரியா பசங்கள பாத்து எடுத்த மாதிரியேதான் ஆகும். உனக்கு மொதல்ல புடிச்சதே பூ போட்ட ரேயான், அத விட்டுடாத.

கோர்ட்_வராண்டா:

ஹைகோர்ட்ல ஜூனியர். ட்ரெயின்ல, ரோட்ல யாராவது தொந்தரவு பண்ணா என்னன்னு நீங்க கேக்கல, ஆனா அந்தக் கவலை இருக்கும்னு தெரியும்.

2014 ஏப்ரல் 15ல சுப்ரீம் கோர்ட் நால்சா (தேசிய சட்டப்பணிகள் ஆணைக்குழு) வழக்குல தீர்ப்பு குடுத்துச்சு. திருநங்கை, திருநம்பி உரிமைக்காக வந்த வழக்கு அது, ஆனா ஒருத்தர் தன் பாலினத்த உடையால வெளிப்படுத்தறதும் அரசியல் சட்டம் 19(1)(அ) தர்ற கருத்துச் சுதந்திரத்துல அடங்கும்னு அதுல தெளிவா இருக்கு. நம்ம மாநிலத்துல 2022ல போலீஸ் நடத்தை விதியிலயே திருத்தம் கொண்டு வந்து, பால்புதுமையினர (LGBTQIA+ ஆளுங்கள) போலீஸ்காரங்க துன்புறுத்தக் கூடாதுன்னு சேத்தாங்க. ராத்திரி போலீஸ் யாராவது நிறுத்தி டிரஸ்ஸ பத்தி கேட்டா பதறாம, ஐடி கார்ட காட்டி, ஆபீஸ்ல இருந்து வர்றேன்னு சொன்னா போதும், நீங்க யாருன்னு விளக்கம் சொல்ல வேண்டியதில்ல.

ஆபீஸ் வேற. தீர்ப்ப கொண்டுபோய் மேனேஜர் டேபிள்ல வெச்சா அன்னிக்கே நடந்துடும்னு நான் சொல்ல மாட்டேன். உங்க டிரஸ் கோட் பேப்பர்ல என்ன வார்த்தை இருக்குன்னு எடுத்துப் படிங்க. நிறைய இடத்துல காலர் வெச்ச சட்டை, ஜீன்ஸ் கூடாதுன்னு மட்டும்தான் இருக்கும். காலர் வெச்சு, பூ போட்டு, தோள் இறக்கி தைச்சாலும் அது காலர் சட்டைதான்.

கொருக்குப்பேட்டை_கேட்:

ஒன்றரை மாசம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ஒவ்வொண்ணையும் நாலஞ்சு தடவ படிச்சேன்.

பேன்ட் ரெண்டு எடுத்தேன். "எனக்குத்தான்"னு சொல்றதுக்குள்ள தொண்டை காஞ்சிடுச்சு, ஆனா சொல்லிட்டேன். மேல்துணிக்கு கட் பீஸ் கடையில பாசிப்பச்சையில குட்டி குட்டி மஞ்ச பூ போட்ட காட்டன், 2½ மீட்டர், இங்க தையல் அக்கா சொன்ன மாதிரியே தைச்சாச்சு. டிரஸ் கோட்ல நிஜமாவே காலரும் ஜீன்ஸும்தான் இருந்துச்சு, அதனால காலர் வெச்சுட்டேன், கேன்வாஸ் இல்ல, அது கழுத்துல படுத்துக்கினு இருக்கு. தோள் விஷயம் சத்தியமா அப்படியே. கண்ணாடி முன்னாடி ரொம்ப நேரம் நின்னேன்.

கேரம் கிளப்ல "இன்னா மச்சான், கச்சேரிக்கு போறியா"ன்னாங்க. ரெண்டு போர்டு ஆடுனதும் அந்தப் பேச்சு போச்சு. ஒருத்தன் மட்டும் இன்னும் சரியா பேச மாட்டேங்கறான், ஸ்கூல்ல இருந்து ஒண்ணா சுத்துனவன், அது கஷ்டமாத்தான் இருக்கு. ஆபீஸ்ல ஒரு மேடம் துணி எங்க எடுத்தன்னு கேட்டாங்க, மத்தவங்க எதுவும் சொல்லல.

அம்மா துணிய விரல்ல தேச்சுப் பாத்து மீட்டர் எவ்ளோன்னு கேட்டாங்க, சொன்னேன், ஏமாந்துட்டன்னாங்க. துவைச்சு அவங்களே மாடியில போட்டாங்க, நான் பின்னாடியே பக்கெட்ட தூக்கிக்கினு போனேன். பக்கத்து வீட்ல "பொண்ணு வந்திருக்காளா"ன்னு கேட்டாங்க. "இல்ல, புள்ளையோடது"ன்னு சொல்லிட்டு க்ளிப்ப மாட்டிக்கினு இருந்தாங்க.

ஒரே ஒரு பிரச்சன, கேரம் போர்டு மேல குனியும்போது முன்பக்கம் அப்படியே தொங்கி காயின் மேல படுது. இத தைச்ச அப்பறம் சரி பண்ண முடியுமா?

வியாசர்பாடி_தையல்:

முடியும் தம்பி. முன்பக்கம் மட்டும் ஒன்றரை இஞ்ச் இறக்கத்த குறைச்சு, அடிய வளைவா வெட்டி மடிச்சு அடிக்கச் சொல்லு, பின்பக்கம் அப்படியே இருக்கட்டும். கை நீளமும் போர்டுல படும், கஃபுக்கு மேல உள்பக்கமா ஒரு சின்ன பட்டி வெச்சு, மடிச்சு மாட்ட வெளிய ஒரு பட்டன் போட்டுக்கோ. மிச்சம் விழுந்த துணி உன்கிட்ட இருந்தா அதுலயே பட்டி வந்துடும், டெய்லர் கடையிலயே விட்டுட்டு வந்துட்டியா?