அந்தமான் போனால் முதலில் அருங்காட்சியகம், அப்புறம் கடல்

பாம்பன்காரர்:

அந்தமானுக்குக் கிளம்புகிற யாரைப் பார்த்தாலும் நான் சொல்வது ஒன்றுதான். விமானம் இறங்கியதும் பெட்டியை அறையில் போட்டுவிட்டு நேரே சமுத்ரிகா அருங்காட்சியகத்துக்குப் போங்கள். ஹேவ்லாக், நீல், ஜாலி பாய் தீவுகள் எல்லாவற்றையும் அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். பயண ஏற்பாட்டாளர்கள் இதைத் தலைகீழாகப் போட்டுத் தருகிறார்கள். தீவெல்லாம் சுற்றிக் களைத்து வந்த கடைசி நாளில், விமானத்துக்கு முன்னால் மிஞ்சுகிற அரைகுறை நேரத்தில் அதைத் திணித்துவிடுகிறார்கள். கடலுக்குள் என்ன பார்த்தோம் என்பது எல்லாம் பார்த்து முடித்த பிறகு தெரிந்து என்ன பயன்?

சமுத்ரிகா கடற்படை நடத்தும் சின்ன அருங்காட்சியகம். டெலானிப்பூரில், டீல் ஹவுஸ் பக்கத்தில் இருக்கிறது. அபர்தீன் பஜாரிலிருந்து ஆட்டோவில் சீக்கிரம் போய்விடலாம். (2024இல் போர்ட் பிளேரை ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றிவிட்டார்கள். ஆட்டோக்காரரிடம் பழைய பெயரைச் சொன்னாலும் ஒன்றும் தப்பில்லை.)

உள்ளே போவதற்கு முன்பே நீலத் திமிங்கிலத்தின் எலும்புக்கூடு நிற்கிறது. நிக்கோபார் பக்கம் கரை ஒதுங்கிய இளம் திமிங்கிலம் அது. எங்கள் ஊரில் வள்ளம் கட்டுகிற இடத்தில், பலகை அறையாமல் வெறும் சட்டம் மட்டும் நிறுத்திய வள்ளத்தைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த விலா வரிசையைப் பார்த்ததும் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது. என் மகள் தலைப் பக்கம் போய் நின்றுகொண்டு, "அப்பா, இவ்வளவு பெரிய வாய்க்கு ஒரு பல்லுகூட இல்லையே?" என்றாள்.

நல்ல கேள்வி. நீலத் திமிங்கிலத்துக்குப் பல் கிடையாது. மேல்தாடையிலிருந்து வரிசையாகத் தகடுகள் தொங்கும். நம் நகம் எதனால் ஆனதோ அதே பொருளால் ஆனவை அவை. எலும்பு இல்லை என்பதால் எலும்புக்கூட்டோடு நிற்பதில்லை. வாய் நிறையத் தண்ணீரை அள்ளி, தகடுகளின் வழியாக வெளியே தள்ளி, உள்ளே தங்கும் கிரிலை விழுங்கும். கிரில் என்பது கிட்டத்தட்ட நம் கூனி இறால் மாதிரிதான். கீழ்த்தாடையைக் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். இடமும் வலமுமாக இரண்டு நீண்ட எலும்புகள் முன்னால் வந்து சந்திக்கின்றன, ஆனால் ஒன்றாக ஒட்டவில்லை. உயிரோடு இருக்கும்போது நடுவில் நார்த்திசு மட்டும்தான் இணைப்பு. வாயை அவ்வளவு அகலமாகத் திறக்க முடிவதற்கு அதுவும் ஒரு காரணம். பிறக்கும்போதே சுமார் 7 மீட்டர், வளர்ந்தால் 30 மீட்டர் வரை போகிற உயிர் கூனி தின்று வாழ்கிறது என்பதை அந்தத் தாடைக்குப் பக்கத்தில் நின்று கேட்டால்தான் பிள்ளைகள் மனதில் நிற்கிறது.

உள்ளே சின்னச் சின்ன அறைகள். புவியியல் பகுதியை யாரும் தாண்டிப் போகாதீர்கள். இந்தத் தீவுகள் ஏன் இங்கே இருக்கின்றன என்பது அங்கே புரியும். இந்தியத் தட்டு கிழக்கே இன்னொரு தட்டுக்கு அடியில் நுழைகிறது. அந்த அழுத்தத்தில் எழுந்த மலைத்தொடரின் தலைகள்தான் இந்தத் தீவுகள். நாட்டின் ஒரே உயிருள்ள எரிமலை பாரன் தீவில் இருப்பதற்கும், 2004 டிசம்பர் 26 சுனாமிக்கும் அதுதான் மூலம். அன்றைக்கு நாட்டின் தென்கோடியான இந்திரா முனை 4 மீட்டருக்கும் மேல் கீழே இறங்கிவிட்டது. அங்கிருந்த கலங்கரை விளக்கத்தின் அடி இப்போது தண்ணீரில் நிற்கிறது.

பழங்குடிகள் பற்றிய அறையும் உண்டு. அதில் எனக்கு ஒரே ஒரு கருத்து: ஜாரவா மக்களை 'பார்க்கலாம்' என்ற ஆசையோடு பாராடாங் சாலையில் வண்டியேறுகிறவர்கள், அந்த ஆசையை இந்த அறையோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். அவர்கள் வீட்டு வழியாகப் போகிற சாலை அது.

இனி நான் சொல்ல வந்த இடம், சங்குகளும் பவளங்களும் இருக்கும் பகுதி.

ட்ரோக்கஸ் சங்கைப் பாருங்கள். ஒரு காலத்தில் சட்டைப் பொத்தான் செய்வதற்காகவே அதை உலகம் முழுக்க அள்ளினார்கள். ட்ரைட்டன் சங்கைப் பாருங்கள். அதற்குள் இருக்கும் பிராணி, பவளத்தைத் தின்னும் முள்முடி நட்சத்திர மீனையே பிடித்துத் தின்னும். வரவேற்பறையில் அழகுக்கு வைப்பதற்காக அதை எடுத்தால் அந்தப் பாரில் (பவளத் திட்டில்) காவலுக்கு ஆள் குறைகிறது. ராட்சதச் சிப்பியின் ஓடு என் மகளால் தூக்க முடியாத கனத்தில் இருக்கும் என்று பார்த்தாலே தெரிகிறது.

பவளங்கள் எல்லாம் வெள்ளை வெளேரென்று இருக்கின்றன. கிளை கிளையாக, தட்டாக, மூளை மடிப்போடு விதவிதமாக. பார்க்கிற எல்லோரும் "எவ்வளவு அழகு" என்கிறார்கள். அழகுதான். ஆனால் அது எலும்பு. உயிருள்ள பவளத்தின் சதைக்குள் நுண்ணிய பாசி குடியிருக்கிறது. வெயிலில் உணவு தயாரித்துப் பவளத்துக்குக் கொடுப்பது அந்தப் பாசிதான். பெரும்பாலான பவளங்களுக்கு அந்தப் பழுப்பும் பச்சையும் பாசியால் வருகிற நிறம். கடல் அளவுக்கு மீறிச் சூடானால் பவளம் பாசியை வெளியே தள்ளிவிடும். சதை கண்ணாடி போலாகி உள்ளே இருக்கும் சுண்ணாம்பு தெரியும். சூடு சீக்கிரம் தணிந்தால் பிழைத்துக்கொள்ளும், இல்லாவிட்டால் பட்டினியில் சாகும். 2010இல் அந்தமானில் பெரிய அளவில் அப்படி நடந்தது. அதே ஆண்டு எங்கள் மன்னார் வளைகுடாவிலும் நடந்தது.

மறுநாள் வண்டூரிலிருந்து ஜாலி பாய் போனோம். 1983இல் அறிவித்த கடல்சார் தேசியப் பூங்காவுக்குள் இருக்கும் தீவு அது. பிளாஸ்டிக் பாட்டில், பை எதையும் தீவுக்குக் கொண்டுபோக விடமாட்டார்கள், அது மிகச் சரி. கண்ணாடி அடிப்பகுதி வைத்த படகில் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு குடும்பம், "என்னங்க இது, கலரே இல்ல, எல்லாம் செம்மண் மாதிரி இருக்கு" என்று ஏமாற்றத்தோடு நிமிர்ந்தது. என் மகள் சட்டென்று, "ஆன்ட்டி, பழுப்பா இருந்தா உயிரோட இருக்குன்னு அர்த்தம். வெள்ளையா இருந்தாதான் பயப்படணும்" என்றாள். அந்த அம்மா மறுபடியும் குனிந்தார். அப்புறம் அந்தக் குடும்பத்தின் பார்வையே மாறிவிட்டது. தட்டுப் பவளத்தின் ஓரத்தில் மட்டும் வெளிறிய கோடு தெரிந்தது. அது புதிதாக வளர்கிற நுனியா, நோயா என்று படகுக்காரரிடம் கேட்டு விவாதமே நடந்தது. முந்தின நாள் சமுத்ரிகாவில் நின்ற நேரத்துக்கு இதைவிட வேறு என்ன பலன் வேண்டும்?

எனக்கு இதில் தனிப்பட்ட அக்கறை உண்டு. எங்கள் பக்கம் பழைய வீடுகளின் சுவரில் பவளக்கல் இருக்கிறது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் மன்னார் வளைகுடாவில் பவளத்தை வெட்டி எடுத்த காலம் உண்டு. அங்கே இருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குசல்லி இரண்டும் அதனாலேயே தண்ணீருக்குள் போய்விட்டன. பவளம் உயிர் என்று எங்கள் தாத்தாக்களுக்கு யாரும் ஒரு சின்ன அறையில் வைத்துக் காட்டவில்லை.

—

போர்ட் பிளேரில் வளர்ந்தவர்:

பாம்பன் அண்ணன் சொன்னது முழுக்க உண்மை. நான் பிறந்து வளர்ந்ததே இங்கேதான். அப்பா சென்னையிலிருந்து கப்பலில் வேலைக்கு வந்து தங்கிவிட்டவர். எங்கள் பள்ளிக்கூடத்தில் வெளியே கூட்டிப்போவது என்றாலே இந்த இடங்கள்தான்.

சமுத்ரிகாவோடு நிறுத்தாமல் மீன்வளத் துறையின் மீன் காட்சியகத்துக்கும் போங்கள், நீர் விளையாட்டு வளாகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பெரிய நகரங்களில் சுரங்கப்பாதை மாதிரிக் கண்ணாடிக்குள் நடந்து பழகியவர்களுக்கு அது சின்னதாகத் தெரியலாம். எனக்கு அந்தச் சின்ன அளவுதான் பிடித்தது. ஒவ்வொரு தொட்டி முன்னும் முகத்தை ஒட்டி நிற்கலாம், பின்னாலிருந்து யாரும் தள்ளமாட்டார்கள்.

சின்ன வயதில் பாம்பு மாதிரி நீண்ட மீனான அஞ்சாலையைப் பார்த்தால் அழுவேன். வாயைத் திறந்து திறந்து மூடும், கடிக்க வருகிறது என்றே நினைத்தேன். அங்கிருந்த ஊழியர் ஒருவர் தமிழில் பொறுமையாகச் சொன்னார்: "பாப்பா, அது மூச்சு விடுது. வாய் வழியா தண்ணிய இழுத்து செவுள் வழியா விடணும் இல்ல?" அன்றோடு பயம் போனது. கோமாளி மீனைப் பற்றியும் அவர்தான் சொன்னார். ஒரு கடல் சாமந்தியில் குடியிருக்கும் கூட்டத்தில் எல்லாவற்றிலும் பெரியது பெண். அது செத்துவிட்டால் அடுத்த பெரிய ஆண் பெண்ணாக மாறிவிடும். கல்லூரிக்குப் போய் விலங்கியல் படிக்கும்போது இதே பாடம் வந்தது. வகுப்பில் எல்லோரும் ஆச்சரியப்பட்டார்கள், எனக்கு மட்டும் அந்தத் தொட்டியின் வாசனையே வந்துவிட்டது.

ஒரு வேண்டுகோள். தொட்டிக் கண்ணாடியைத் தட்டாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள். குழந்தைகளுக்கும் சொல்லிக் கூட்டி வாருங்கள்.

இன்னும் நேரம் இருந்தால் ஹாடோவில் ஜூலாஜிக்கல் சர்வேயின் (விலங்கியல் ஆய்வு நிறுவனம்) காட்சியகம் இருக்கிறது. தேங்காய் நண்டைப் பற்றி அங்கே கேளுங்கள். நிக்கோபாரிலும் தெற்கு சென்டினலிலும் வாழ்கிற ராட்சத நண்டு அது, மரம் ஏறும், தேங்காயை உரித்து உடைத்துத் தின்னும். நண்டாகப் பிறந்தும் வளர்ந்த பிறகு கடலில் போட்டால் மூழ்கிச் செத்துவிடும். ஆனால் முட்டையை விடுவதற்கு மட்டும் அலையோரம் வந்தே ஆக வேண்டும்.

இந்திரா முனை இறங்கியதை அண்ணன் எழுதியிருந்தார். வடக்கே நடந்தது அதற்கு நேர்மாறு. மாயாபந்தரில் இருந்த எங்கள் சித்தப்பா பல தடவை சொல்லியிருக்கிறார். நிலநடுக்கத்துக்குப் பிறகு தண்ணீருக்குள் இருந்த பார் அப்படியே மேலே வந்துவிட்டது. அலை திரும்ப வந்து மூடும் என்று காத்திருந்தார்களாம், மூடவே இல்லை. நிலமே உயர்ந்துவிட்டது. அடுத்த சில வாரங்களில் பவளம் வெயிலில் காய்ந்து, கரையெல்லாம் கவிச்சி வாடை. சமுத்ரிகாவில் அந்த வெள்ளைப் பவளங்களைப் பார்க்கும்போது எனக்குச் சித்தப்பா சொன்ன அந்தக் கரைதான் ஞாபகம் வரும்.

—

திருச்சி ஆசிரியை:

நானும் போன கோடையில் குடும்பத்தோடு போய் வந்தேன். சங்கு விஷயத்தில் ஒன்றைச் சேர்க்கிறேன். திரும்பும்போது விமான நிலையத்தில் எங்களுக்கு முன்னால் நின்ற பையன் கடற்கரையில் பொறுக்கிய பவளத் துண்டுகளை ஒரு டப்பாவில் வைத்திருந்தான். சோதனையில் எடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டே போனான். அவன் மேல் தப்பே இல்லை, யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. உயிருள்ளதோ செத்ததோ, பவளத்தைக் கொண்டுபோகக் கூடாது. 2001இலிருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் புலிக்கு உள்ள அதே முதல் அட்டவணையில் பவளமும் இருக்கிறது. கடையில் வாங்கும் சங்குப் பொருளுக்கும் ரசீது, அனுமதிச் சீட்டு எல்லாம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தர யோசிக்கிற கடையில் வாங்கவே வேண்டாம்.

நாங்கள் முதல் நாளே அருங்காட்சியகம் போயிருந்ததால் எங்கள் வீட்டுப் பிள்ளைகள் கரையில் எதையும் பைக்குள் போடவில்லை. ஒரு சோழியை எடுத்துப் பார்த்தார்கள். உள்ளே குட்டித் துறவி நண்டு இருந்தது. வைத்த இடத்திலேயே வைத்துவிட்டார்கள்.

ஒரு சந்தேகம். அந்தமான் வரை போக வசதியில்லாத எங்கள் பள்ளிப் பிள்ளைகளுக்கு இப்படி ஓர் இடம் பக்கத்தில் உண்டா?

—

பாம்பன்காரர்:

இருக்கிறது டீச்சர். எங்கள் பாலத்துக்கு முன்னாலேயே, உங்கள் பக்கம் மண்டபத்தில் மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1947இல் தொடங்கிய அந்த நிறுவனத்தின் தலைமையகம் பல ஆண்டுகள் மண்டபத்தில்தான் இருந்தது, பிறகுதான் கொச்சிக்குப் போனது. அங்கே மீன் காட்சியகமும் உண்டு. சிங்கி இறால், கடல் அட்டை, கடற்குதிரை என்று நம் கடலின் உயிர்களைப் பற்றி அங்கே கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். பள்ளியிலிருந்து முன்கூட்டியே கடிதம் எழுதி, எந்த நாள், எத்தனை மணிக்கு என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். ஆவுலியாவைப் பற்றிக் கட்டாயம் விளக்கச் சொல்லுங்கள். கடல்தாழை என்ற கடற்புல்லை மேய்கிற அந்தக் கடல்பசுவுக்காக 2022இல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டரைக் காப்பகமாக அறிவித்தது நம் மாநிலம். அந்தமானின் மாநில விலங்கும் அதுதான்.

சமுத்ரிகா போகிறவர்களுக்கு: திங்கள்கிழமை விடுமுறை. மதியம் இடைவேளை விட்டு மூடுவார்கள், அதனால் காலையிலேயே போய்விடுங்கள். கேமராவுக்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள், சில்லறை வைத்துக்கொள்ளுங்கள்.